தலைசுற்றல்: மாத்திரை, எப்லி முறை, பயிற்சி – நாள்பட்ட பயன்பாட்டில் எது உதவுகிறது?

தலைசுற்றல் என்றதும் நம் ஊரில் முதலில் கைக்கு வருவது மாத்திரைதான். பீட்டாஹிஸ்டின், சின்னரிசின், ப்ரோக்ளோர்பெரசைன் மூன்றில் ஏதாவது ஒன்றின் அட்டை பல வீடுகளில் பிரஷர் மாத்திரை டப்பாவுக்குள்ளேயே கிடக்கும். தீர்ந்தால் காலி அட்டையை மருந்துக் கடையில் காட்டி இன்னொன்று வாங்கிக்கொள்வார்கள். இப்படியே வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. அவர்களில் பலருக்குத் தேவைப்பட்டது மாத்திரையே அல்ல, கட்டிலில் ஐந்து நிமிடம் தலையைச் சரியான வரிசையில் திருப்புவதுதான்.

எது தனக்குப் பொருந்தும் என்று பார்க்க இரண்டு கேள்விகள் போதும். ஒருமுறை வந்தால் எவ்வளவு நேரம் சுற்றுகிறது? என்ன செய்யும்போது சுற்றுகிறது? படுக்கையில் புரளும்போதோ, பரண்மேல் பார்க்க அண்ணாந்தாலோ, கோலம் போடக் குனிந்தாலோ சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிட்டால் அது பெரும்பாலும் பி.பி.பி.வி. எனப்படும் உள்காதுத் துகள் பிரச்சினை. எழுந்து நிற்கும்போது மட்டும் கண் இருட்டிக்கொண்டு வந்தால் ரத்த அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். படுத்து எழுந்து நின்ற 3 நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் காரணம் அதுதான். பிரஷர் மாத்திரையும் புராஸ்டேட் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடும் பெரியவர்களிடம் இது அடிக்கடி தென்படும். காதுக் கோளாறையும் ரத்த அழுத்த இறக்கத்தையும் பிரித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. படுத்தபடியே பக்கம் திரும்பினால் அழுத்தம் அப்படி இறங்காது. அப்போதும் சுற்றினால் கோளாறு காதில்.

20 நிமிடம் முதல் 12 மணி நேரம்வரை சுற்றி, கூடவே ஒரு காது அடைத்து இரைந்தால் மெனியர் நோய். 5 நிமிடம் முதல் 72 மணி நேரம்வரை நீடித்து, வெளிச்சமும் சத்தமும் பொறுக்காமல் போனால் ஒற்றைத் தலைவலி வகைத் தலைசுற்றல். அதில் தலைவலி அதே நேரத்தில் வந்தே தீர வேண்டும் என்பதில்லை. ‘கழுத்து எலும்புத் தேய்மானம்’ இந்தப் பட்டியலில் ஏன் இல்லை என்று கேட்கலாம். நடுவயதைத் தாண்டிய பெரும்பாலானோரின் கழுத்தை எக்ஸ்ரே எடுத்தால் ஏதாவது தேய்மானம் தெரியத்தான் செய்யும். அதனாலேயே தலைசுற்றலுக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது. கழுத்துப் பட்டை கட்டுவதால் காதுக்குள் சிக்கிய துகள் வெளியே வந்துவிடாது.

நாள்கணக்கில் இடைவிடாமல் சுற்றுவது தனி விஷயம். கேட்கும் திறன் கெடாமல் அப்படிச் சுற்றினால் பெரும்பாலும் உள்காதின் சமநிலை நரம்பு அழற்சியாக இருக்கும். ஆனால் சிறுமூளைப் பக்கவாதமும் இதே தோற்றத்தில் வரும். இரட்டையாகத் தெரிவது, நாக்குக் குழறுவது, விழுங்க முடியாமை, ஒரு கை கால் வசப்படாமை, பிடிமானமின்றி உட்காரவோ நிற்கவோ முடியாமை, புதிதாகக் கடும் தலைவலி, பின்கழுத்து வலி இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் நேராக அவசர சிகிச்சைக்குத்தான் போக வேண்டும். ‘சிடி ஸ்கேன் நார்மல்’ என்பதை நம்பி வீடு திரும்பக் கூடாது. மூளையின் பின்பகுதி அடைப்பைச் சிடி பெரும்பாலும் காட்டாது. முதல் 48 மணி நேரத்தில் எம்ஆர்ஐகூடத் தவறவிடலாம். கண்ணசைவையும் தலைத் திருப்பலையும் வைத்துச் செய்யும் ‘ஹிண்ட்ஸ்’ பரிசோதனை, பழகிய மருத்துவர் கையில் ஆரம்பகட்ட எம்ஆர்ஐயைவிட நுட்பமானது என்று 2009இல் வெளியான ஆய்வு காட்டியது.

இனி எப்லி முறை. உள்காதின் யூட்ரிக்கிள் என்ற பையில் கால்சியம் கார்பனேட் துகள்கள் ஒட்டியிருக்கும். வயது, தலையில் அடி போன்ற காரணங்களால் இவை உதிர்ந்து, அரைவட்டக் குழாய்களில் ஒன்றுக்குள், பெரும்பாலும் பின்குழாய்க்குள், போய் விழுகின்றன. தலை அசைந்து நின்ற பிறகும் துகள் உருண்டுகொண்டே உள்ளிருக்கும் திரவத்தைத் தள்ளும். மூளை அதைத் தலை சுழல்வதாக எடுத்துக்கொள்ளும். வந்த வழியாகவே துகளை உருட்டி வெளியேற்றுவதுதான் அமெரிக்காவின் போர்ட்லண்டைச் சேர்ந்த ஜான் எப்லி 1992இல் வெளியிட்ட முறை. அதற்குமுன் பல ஆண்டுகள் சக மருத்துவர்களே அவரை நம்பவில்லை. மருந்தில்லாமல் தலையைத் திருப்பியே குணமாக்கலாம் என்றால் யாருக்கும் சந்தேகம் வரத்தானே செய்யும்!

முதலில் எந்தக் காது என்று தெரிய வேண்டும். கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்து, படுத்தால் தோளுக்கு அடியில் வருமாறு ஒரு தலையணை வையுங்கள். தலையை வலப்பக்கம் 45 டிகிரி திருப்பியபடி சட்டென மல்லாந்து படுங்கள். தலை, உடல் மட்டத்துக்கு 20 டிகிரி கீழே தொங்க வேண்டும். 30 வினாடி பொறுங்கள். சில வினாடி கழித்துச் சுழற்சி தொடங்கி, ஏறி, ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால் வலது காது. வராவிட்டால் எழுந்து சற்றுப் பொறுத்து இடப்பக்கம் சோதியுங்கள். 1952இல் டிக்ஸ், ஹால்பைக் இருவரும் விவரித்த சோதனை இதுதான். அந்த நேரத்தில் கூட இருப்பவர் கண்களை நெருக்கமாக மொபைலில் வீடியோ எடுத்துவைத்தால், பிறகு மருத்துவருக்கு எந்த ஸ்கேனைவிடவும் அது அதிகம் பயன்படும்.

வலது காது என்றால், சோதனையில் படுத்த நிலையிலிருந்தே மேலே தொடரலாம். சுழற்சி நின்ற பிறகும் 30 வினாடி அப்படியே இருங்கள். பிறகு தலையைத் தூக்காமல், தொங்கிய நிலையிலேயே இடப்பக்கம் 90 டிகிரி திருப்பி 30 முதல் 60 வினாடி. அடுத்து உடலையும் இடப்பக்கமாகப் புரட்டி, தலையை இன்னும் 90 டிகிரி கொண்டுபோய் மூக்கு தரையைப் பார்க்குமாறு வைத்து மறுபடி 30 முதல் 60 வினாடி. கடைசியாக முகவாயை நெஞ்சோடு ஒட்டி, கால்களைக் கட்டிலுக்குக் கீழே விட்டு மெதுவாக எழுந்து உட்காருங்கள். இடது காது என்றால் எல்லாம் எதிர்ப்பக்கம்.

‘எப்லி செய்தேன், பலனில்லை’ என்பவர்களிடம் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பிழை செய்முறையில் இருக்கும். இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையில் தலையைத் தூக்கிவிடுவது முதல் பிழை. துகள் மறுபடி பழைய இடத்துக்கே உருண்டுவிடும். அடுத்தது தலையணையைத் தலைக்கு வைத்துக்கொள்வது. அப்புறம் தலை தொங்காது. அமுங்கும் இலவம்பஞ்சு மெத்தையிலும் இதே கதைதான். மூன்றாவது, பக்கவாட்டில் புரண்டதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பது. தரையைப் பார்த்தால்தான் துகள் குழாயின் வாய்வரை வரும். சுற்றுகிறதே என்று பயந்து பத்தே வினாடியில் அடுத்த நிலைக்குத் தாவுவதும் உண்டு. எழுந்து உட்காரும் கணத்தில் சிலரை யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல உடல் சாயும். அதனால் முதல்முறை துணையில்லாமல் செய்ய வேண்டாம்.

செய்த பிறகு இரு பக்கமும் புரளும்போது முன்பைவிடக் கடுமையாகச் சுற்றுகிறதா? துகள் பக்கவாட்டுக் குழாய்க்கு மாறியிருக்கலாம். அதற்கு எப்லி உதவாது. உடலையே 90 டிகிரியாக நான்கு தடவை உருட்டும் ‘பார்பெக்யூ’ முறை வேறாக இருக்கிறது. அதைப் பழகிய பிசியோதெரபிஸ்டோ காது மூக்கு தொண்டை மருத்துவரோ பார்த்துச் செய்வது நல்லது. கழுத்தில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், முடக்குவாதம் கழுத்தைத் தாக்கியவர்கள், விழித்திரை விலகல் வந்தவர்கள் எப்லியையும் வீட்டில் செய்யக் கூடாது.

எப்லிக்குப் பிறகு இரண்டு இரவு உட்கார்ந்தே தூங்கச் சொல்லும் பழைய அறிவுரை தேவையற்றது என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்லிவிட்டது. சுழற்சி போன பிறகும் சில நாள், சிலருக்கு இரண்டு வாரம், மிதப்பது போன்ற கிறுகிறுப்பு இருக்கும். அது தோல்வி அல்ல. கட்டிலில் புரண்டால் சுற்றுகிறதா என்பதே அளவுகோல். அந்த மிதப்புக்கென்று மாத்திரை ஆரம்பிக்கிறார்களே, அங்கேதான் வருடக்கணக்கு தொடங்குகிறது.

பல இடங்களில் தாளில் அச்சடித்துத் தரும் பிராண்ட்-டாராஃப் பயிற்சி 1980இல் வந்தது. பக்கவாட்டில் மாறி மாறிச் சாய்வது ஐந்து தடவை, நாளுக்கு மூன்று வேளை, இரண்டு வாரம். எப்லியைவிடப் பலன் மெதுவாக வரும். ஒவ்வொரு தடவையும் சுற்றுவதால் மூன்றாம் நாளே பலர் விட்டுவிடுகிறார்கள். எந்தக் காது என்று பிடிபடாதபோது மட்டும்தான் இதற்கு மதிப்பு.

பி.பி.பி.வி. மறுபடி வரும், ஐந்து ஆண்டுக்குள் ஏறத்தாழ பாதிப் பேருக்கு. அப்போது போன தடவை வலது காது என்பதற்காக நேரே வலப்பக்க எப்லியில் இறங்காமல் சோதனையிலிருந்து தொடங்க வேண்டும். ரத்தத்தில் வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருப்பவர்களுக்குத் தினமும் இரண்டு வேளை 400 யூனிட் வைட்டமின் டி, 500 மில்லிகிராம் கால்சியம் கொடுத்ததில் மறுவரவு குறைந்ததாகக் கொரியாவில் நடந்து 2020இல் வெளியான ஆய்வு சொன்னது. அடிக்கடி வருகிறவர்கள் அந்த ரத்தப் பரிசோதனையைச் செய்துவிடுவது வீண்செலவல்ல. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் கால்சியத்தைத் தொட வேண்டாம்.

மாத்திரைகளைப் பற்றி. சின்னரிசின், ப்ரோக்ளோர்பெரசைன், டைமென்ஹைட்ரினேட் ஆகியவை சமநிலை உணர்வையே மழுங்கடிப்பவை. வாந்தியும் சுழற்சியும் படுத்தும் முதல் இரண்டு மூன்று நாளுக்கு இவை வரப்பிரசாதம். எப்லி செய்ய அரை மணி முன்பு, வாந்தி பயம் இருப்பவருக்கும் ஒரு மாத்திரை கொடுப்பதில் தப்பில்லை. அதைத் தாண்டினால் கெடுதல்தான். ஒரு காது பலவீனமானால் மூளை அந்த ஏற்றத்தாழ்வைத் தானே பழகிச் சரிக்கட்டும். தவறு நடக்கிறது என்ற சமிக்ஞை வந்தால்தான் அது பழகும். மாத்திரை அந்தச் சமிக்ஞையையே அடக்குகிறது. மாதக்கணக்கில் சாப்பிடும் முதியவர்களுக்குக் கை நடுக்கம், நடையில் தயக்கம், முகத்தில் உணர்ச்சியின்மை என்று பார்கின்சன் நோய் போலவே வரும். சின்னரிசினும் ப்ரோக்ளோர்பெரசைனும் இதற்குப் பேர்போனவை. அதைக் கவனிக்காமல் நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை எழுதப்படுவதும் நடக்கிறது. மருத்துவரிடம் போகும்போது தலைசுற்றல் மாத்திரை அட்டையையும் எடுத்துப் போங்கள்.

பீட்டாஹிஸ்டின் வேறு இனம். தூக்கக் கலக்கம் தராது, நடுக்கம் தராது. ஆனால் நீண்ட காலப் பலன்? மெனியர் நோயாளிகளுக்கு ஒன்பது மாதம் தினம் 48 அல்லது 144 மில்லிகிராம் கொடுத்து வெற்று மாத்திரையோடு ஒப்பிட்ட ஜெர்மன் ஆய்வு 2016இல் வெளியானது. மூன்று குழுவிலுமே தாக்குதல்கள் குறைந்தன, வித்தியாசம் இல்லை. ‘இதைச் சாப்பிட்டேன், குறைந்தது’ என்பதில் நோய் தானாகத் தணிந்ததன் பங்கு எவ்வளவு என்பதை இது காட்டுகிறது. சாப்பிடுவதானால் உணவுக்குப் பின் சாப்பிடுங்கள், இல்லாவிட்டால் வயிறு எரியும். ஆஸ்துமா, வயிற்றுப்புண் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மெனியருக்கு உப்பைக் குறைக்கச் சொல்வார்கள். நாளுக்கு மொத்தம் 5 கிராம், ஒரு தேக்கரண்டி. சாம்பாரில் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாய், கருவாடு, மிக்சரைத் தொடர்ந்தால் கணக்கு உதைக்கும். ஆய்வுச் சான்று வலுவானதல்ல, ஆனால் செலவில்லாதது. திடீரென ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் நாள் கடத்தாதீர்கள். ஸ்டீராய்டு அதிகம் பலிப்பது முதல் சில நாள்களில்தான்.

சமநிலை நரம்பு அழற்சிக்குப் பிறகு நீடிக்கும் தள்ளாட்டத்துக்கு மருந்து பயிற்சிதான். ஒரு அட்டையில் சிறு எழுத்து ஒன்றை எழுதிக் கை நீளத் தூரத்தில் பிடியுங்கள். எழுத்திலிருந்து பார்வையை எடுக்காமல் தலையை இடமும் வலமும் ஆட்டுங்கள். எழுத்து மங்கத் தொடங்கும் வேகத்துக்குச் சற்றுக் குறைவான வேகம், ஒரு நிமிடம். அடுத்து மேலும் கீழும் ஒரு நிமிடம். புதிதாகப் பாதிப்பு வந்தவர்கள் நாளில் மூன்று வேளையாகப் பிரித்து மொத்தம் 12 நிமிடம், பல மாதமாக அவதிப்படுகிறவர்கள் மூன்று முதல் ஐந்து வேளையாக 20 நிமிடமாவது, நான்கு முதல் ஆறு வாரம். பயிற்சியில் கிறுகிறுப்பு வரத்தான் வேண்டும். கால் மணி நேரத்துக்குள் அடங்கினால் அளவு சரி, அரை நாள் படுக்கவைத்தால் வேகத்தைக் குறையுங்கள். எதுவுமே வராத அளவுக்கு மெதுவாகச் செய்வது வீண். வாரம் போகப்போக நின்றுகொண்டு, நடந்துகொண்டு, மூலைச் சுவரோரம் மடித்த மெத்தைமேல் நின்றுகொண்டு என்று கூட்டலாம்.

கடைசியாக, ஜென்டாமைசின், அமிக்காசின், ஸ்ட்ரெப்டோமைசின் போன்ற ஆன்டிபயாடிக் ஊசிகள் நாள்கணக்கில் போட்ட பிறகு வரும் பாதிப்பு. இரண்டு காதும் ஒருசேரப் பழுதாவதால் சுழற்சியே இருக்காது. நடந்தால் பார்வை குலுங்கும், இருட்டில் கால் தடுமாறும். இதற்கு எந்தத் தலைசுற்றல் மாத்திரையும் பயனில்லை. பயிற்சி ஓரளவு கைகொடுக்கும். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு விளக்கு வேண்டும். கிணற்றிலோ கடலிலோ தலைமூழ்க இறங்கக் கூடாது. கலங்கிய நீருக்கடியில் கண்ணும் காலும் கைவிட்டால் மேல் எது கீழ் எது என்று சொல்ல உடலில் வேறு உறுப்பு இல்லை.