எச்சரிக்கை: "12க்கு 16 டெக், எல்லாம் சேர்த்து" என்று ஒரே வரியில் கோட் வந்தால்

ரொறன்ரோப் பக்கம் ஏப்ரல் பிறந்ததும் பின்வளவில் டெக் என்ற மரமேடை கட்ட ஆள் பிடிக்கும் அவசரம் தொடங்கிவிடும். ஸ்காபரோவில் ஒரு வீட்டுக்கு வந்த கோட், அதாவது வேலைக்கான விலைக்குறிப்பு, இது: "12 x 16 டெக், பிரஷர் ட்ரீட்டட், கைபிடி, படி, எல்லாம் சேர்த்து." (பிரஷர் ட்ரீட்டட் என்றால் உக்காமல் இருக்க மருந்து ஏற்றிய மரம்.) அதன் கீழே ஒரு தொகை. காசாகத் தந்தால் 13% எச்.எஸ்.ரி. வரி இல்லை என்பது வாய்ப்பேச்சு. வீட்டுக்காரர் பாதிக் காசை முதலே கொடுத்தார். மூன்று நாளில் டெக் எழும்பியது, பார்க்கவும் வடிவாகத்தான் இருந்தது. இரண்டாவது பனிக்காலம் முடிய, டெக்கில் விட்ட பந்து தானாக வீட்டுச் சுவரை நோக்கி உருண்டது. மழைத் தண்ணீர் பின்கதவு வாசலில் தேங்கியது. நாலு பலகையைக் கழற்றிப் பார்த்ததும் மிச்சமெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. செய்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. அந்தக் கோட்டில் எழுதப்படாத ஒவ்வொன்றும் எப்படிக் காசானது என்பதுதான் முக்கியம்.

முதல் களவு மண்ணுக்குள். தெற்கு ஒன்ராறியோவில் தூணின் அடித்தளம் 4 அடி, அதாவது 1.2 மீற்றர், கீழே போக வேண்டும். அந்த ஆழம் வரை குளிரில் மண் உறையும். இங்குள்ள களிமண் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால், உறையும்போது உள்ளே பனிக்கட்டித் தட்டுகள் வளர்ந்து மேலே தள்ளும். அரைகுறை ஆழத்தில் நிற்கும் கொன்கிரீட்டை அது தூக்கிவிடும். வசந்தத்தில் இளகினாலும் பழைய இடத்துக்குச் சரியாக இறங்காது. இந்த வீட்டில் வெளிப்பக்கத் தாங்குமரமான பீமின் மூன்று தூண்களும் அப்படித்தான் எழும்பியிருந்தன. வீட்டோடு பூட்டிய பக்கம் அசையாததால் டெக் முழுவதும் வீட்டை நோக்கிச் சரிந்துவிட்டது.

இதைக் கிண்டிப் பார்க்காமலே பிடித்திருக்கலாம். வேலையின் முதல் நாளில் எடுத்த படமொன்றில் சுவரோரம் ஆறு கொன்கிரீட் மூட்டைகள் தெரிகின்றன. 12 அங்குல விட்டமும் 4 அடி ஆழமுமான ஒரு கிடங்குக்கு 3.14 கன அடி கொன்கிரீட் வேண்டும். 30 கிலோ மூட்டை ஒன்று கரைத்தால் ஏறத்தாழ அரைக் கன அடிதான் வரும். அப்படியானால் ஒரு கிடங்குக்கு ஆறேழு மூட்டை, மூன்றுக்கும் சேர்த்து 19 அல்லது 20. கிடங்குக்கு இரண்டு மூட்டை போட்டால் 15 அங்குலத்துக்கு மேல் நிரம்பாது. தோண்டி அளந்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவுதான் வந்தது. உங்கள் வளவில் வேலை நடக்கும்போது வெறும் பைகளை எறிய விடாதீர்கள், எண்ணிப் பாருங்கள். ஒவ்வொரு கிடங்கிலும் அளவு நாடாவை இறக்கி, கொன்கிரீட் ஊற்ற முதல் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "மண் கல்லாய் இருக்கு, இவ்வளவும் காணும்" என்று சொன்னால் ஹெலிக்கல் பைல் என்ற இரும்புத் திருகுத்தூணைக் கேளுங்கள். இயந்திரத்தால் முறுக்கி இறக்குவது, ஒரே நாளில் முடிந்துவிடும்.

தோண்ட முதல் ஒன்ராறியோ வன் கோல் என்ற சேவைக்கு அறிவிக்க வேண்டும். அது இலவசம். எரிவாயுக் குழாயும் மின்கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று வந்து நிறம் பூசிக் காட்டுவார்கள். குறைந்தது ஐந்து வேலைநாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். அதனால் "நாளைக்கே தொடங்கிறம்" என்பவர் இதைச் செய்யவில்லை என்று அர்த்தம்.

இரண்டாவது களவுதான் ஆபத்தானது. இங்கே பெரும்பாலான வீடுகளின் செங்கல், வீட்டைத் தாங்கும் சுவர் அல்ல. மரச்சட்டத்துக்கு முன்னால், ஓர் அங்குலம் போல இடைவெளி விட்டு, சிறு தகரப் பட்டிகளால் பிடித்து நிற்கும் போர்வை அது. தன் பாரத்தை மட்டுமே தாங்கும். டெக்கின் வீட்டோரப் பலகையை, அதாவது லெட்ஜரை, அந்தச் செங்கலில் ஆங்கர் போட்டு முறுக்கியிருந்தார்கள். சதுர அடிக்கு 40 இறாத்தல் ஆட்பாரம், 10 இறாத்தல் டெக்கின் சொந்தப் பாரம் என்று வைத்தால் 192 சதுர அடிக்கு 9,600 இறாத்தல். அதில் 4,000க்கு மேல் அந்த ஒற்றைப் பலகையில் தொங்குகிறது. பிறந்தநாளுக்கு இருபத்தைந்து பேர் ஏறி நின்றால் என்ன ஆகும்? இந்த வீட்டில் செங்கல் இடைச் சாந்து ஏற்கெனவே வெடித்திருந்தது.

செங்கல் போர்த்திய வீட்டுக்கு ஒழுங்கான வழி, வீட்டில் தொடாமல் தன் காலில் நிற்கும் டெக். வீட்டுப் பக்கமும் ஒரு பீம், அதற்கும் தூண்கள். அந்தத் தூண்களிலும் ஒரு பொறி இருக்கிறது. வீட்டுச் சுவரை ஒட்டிய மண், அடித்தளம் கட்டத் தோண்டிப் பிறகு திருப்பி நிரப்பியது. அதில் 4 அடி போனாலும் அமிழும். கைபடாத மண் வரை போக வேண்டும், அல்லது பீமைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். கோட் எழுதியவரிடம் இதைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். வருகிற பதிலிலேயே ஆள் யாரென்று தெரியும்.

மரத்துக்கு வருவோம். 16 அடி நீளத்துக்கு 16 அங்குலத்துக்கு ஒன்றாக ஜொய்ஸ்ட், அதாவது மேற்பலகையைத் தாங்கும் குறுக்குமரம், வைத்தால் 13 வேண்டும். இங்கே இருந்தது 9, அதாவது 24 அங்குலத்துக்கு ஒன்று. அதுவும் 2 x 10க்குப் பதில் 2 x 8. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: 2 x 8இன் உண்மையான உயரம் 7¼ அங்குலம், 2 x 10இன் உயரம் 9¼. மேலே போடும் 5/4 x 6 பலகையின் தடிப்பு ஓர் அங்குலம்தான். 24 அங்குல இடைவெளியில் அது காலடியில் தொட்டில் போல வளையும்.

"பிரஷர் ட்ரீட்டட்" என்ற சொல் ஒன்றையும் உறுதிப்படுத்தாது. ஒவ்வொரு மரத்தின் முனையிலும் சிறிய பிளாஸ்டிக் சீட்டு ஒன்று அடித்திருக்கும். நிலத்தைத் தொடலாமா, நிலத்துக்கு மேலே மட்டுமா என்று அதில் எழுதியிருக்கும். மண்ணோடு நிற்கும் தூணுக்கு நிலம் தொடும் தரம்தான் வேண்டும். சீட்டெல்லாம் பிடுங்கிய மரக்கட்டு வந்து இறங்கினால் ஏன் என்று கேளுங்கள். அடுத்தது வெட்டுமுகம். ஒரு 6 x 6 தூணை அறுத்துப் பார்த்தால் ஓரத்தில் மெல்லிய பச்சை வளையம் தெரியும், நடுவெல்லாம் மருந்து ஏறாத வெளிறிய மரம். மருந்து தோலோடுதான் நிற்கிறது. அதனால் அறுத்த ஒவ்வொரு முனைக்கும் கொப்பர் நப்தனேற்றுப் பூச வேண்டும். ஒரு டின், ஒரு தூரிகை, முழு டெக்குக்கும் ஒரு மணி நேர வேலை. இந்த டெக்கில் ஒரு முனைக்கும் பூசவில்லை.

ஆணியில் மிச்சம் பிடித்ததுதான் உண்மையில் அற்பம். 2003 முடிவோடு ஆர்செனிக் கலந்த பழைய மருந்து வீட்டு மரங்களில் நின்றுபோனது. இப்போது வருவது செம்பு அதிகமான மருந்து. அது சாதாரண இரும்பையும் மெல்லிய முலாம் பூசிய ஆணியையும் அரித்துவிடும். உருகிய துத்தநாகத்தில் தோய்த்த ஹொட் டிப் கல்வனைஸ்ட், அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான் போட வேண்டும். இங்கே ஜொய்ஸ்ட் முனையைத் தாங்கும் தகரப் பிடிகளான ஹேங்கர்களைக் கறுப்பு டிரைவோல் ஸ்குரூவால் பூட்டியிருந்தார்கள். ஒன்றைத் திருப்பியபோது தலை கையோடு வந்தது, தண்டு கறள் பிடித்து உள்ளேயே நின்றது. ஹேங்கருக்கு அதற்கென்றே செய்த ஆணி அல்லது ஸ்குரூதான், அதுவும் தகரத்தில் இருக்கும் துளை எல்லாவற்றுக்கும். சாதாரண டெக் ஸ்குரூவும் கூடாது, பக்கவாட்டுப் பாரத்தில் படக்கென்று முறியும்.

கொம்போசிட் என்று காசு கூடக் கேட்பவரிடமும் இதே கேள்விகள்தான். பிளாஸ்டிக் கலந்த பலகை மேலே மட்டும். கீழே அதே மரம், அதே கிடங்கு. உத்தரவாதமும் பலகைக்குத்தான். நேராகப் போட 16 அங்குலம், சரிவாகப் போட 12 அங்குலம் என்பது பொதுவான ஜொய்ஸ்ட் இடைவெளி. அதை மீறினால் கம்பனி கையை விரிக்கும். கடும் நிறம் எடுத்தால் யூலை வெயிலில் வெறுங்காலோடு நிற்க முடியாது.

"பெர்மிட் தேவையில்லை" என்றும் டெக் கட்டியவர் சொல்லியிருக்கிறார். ரொறன்ரோவில் நிலத்திலிருந்து 60 சென்ரிமீற்றருக்கு மேல் உயர்ந்த டெக்குக்குப் பெர்மிட் வேண்டும். இந்த டெக்கின் உயரம் 80. அந்த உயரத்துக்குக் கைபிடியும் கட்டாயம், குறைந்தது 90 சென்ரிமீற்றர், கம்பிகளுக்கிடையில் 10 சென்ரிமீற்றருக்கு மேல் இடைவெளி கூடாது. பெர்மிட் எடுத்திருந்தால் கொன்கிரீட் ஊற்ற முதல் நகரசபைப் பரிசோதகர் கிடங்கைப் பார்த்திருப்பார், 15 அங்குலக் கதை அன்றே முடிந்திருக்கும். பெர்மிட் இல்லாத டெக்குக்கு நோட்டீஸ் வருவது வீட்டுக்காரரின் பெயருக்கு.

ஆகவே கையெழுத்துப் போட முதல் கோட்டில் இருக்க வேண்டியவை: கிடங்கின் எண்ணிக்கை, விட்டம், ஆழம், தூண், பீம், ஜொய்ஸ்ட் அளவும் இடைவெளியும், வீட்டோடு பூட்டுவதா தனியே நிற்பதா, மரத்தின் தரம், ஆணி வகை, பெர்மிட் யார் எடுப்பது. மேற்பலகையை நீங்களே எண்ணலாம். 12 அடி என்றால் 144 அங்குலம், பலகை அகலம் 5½, ஆக 16 அடிப் பலகை 27, கழிவோடு 30. ஈரமான பலகையை நெருக்கியே போட வேண்டும், காய்ந்ததும் இடைவெளி தானாக வரும். முற்பணத்தைச் சிறிதாக வையுங்கள், மிச்சத்தைக் கிடங்கு, மரச்சட்டம், முடிவு என்று பிரித்துக் கொடுங்கள். ஒன்ராறியோவின் கட்டுமானச் சட்டத்தில் 10% பிடித்துவைக்கும் முறை இருக்கிறது. மரக்கடைக்குக் காசு கட்டாமல் டெக் கட்டியவர் ஓடிவிட்டால், கடைக்காரர் உங்கள் வீட்டின் மேல் லியன், அதாவது கடனுக்கான உரிமைப் பதிவு, போடலாம். அதற்கான காப்பு இது. வீட்டுக்கு வந்து எழுதிய ஒப்பந்தமென்றால், பிரதி கைக்கு வந்து 10 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்துச் செய்யலாம். 13% மிச்சம் பிடிக்கக் காசாகக் கொடுத்தவர் கையில் ரசீதும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை.

ஏற்கெனவே மாட்டியவர்கள் திகதியோடு படம் எடுத்து, குறையை எழுத்தில் அனுப்புங்கள். வழக்குப் போட, குறை தெரியவந்த நாளிலிருந்து பொதுவாக இரண்டு வருடம்தான். திருத்தம் முடியும் வரை டெக்கில் கூட்டம் சேர்க்க வேண்டாம். வீட்டுப் பக்கம் ஹெலிக்கல் பைலில் புது பீம் வைத்து லெட்ஜரின் பாரத்தை எடுக்கலாம், குறைந்த ஜொய்ஸ்டுகளை இடையில் சேர்க்கலாம். மேற்பலகையை ஸ்குரூவால் பூட்டியிருந்தால் கழற்றித் திரும்பப் போடலாம். ஆணி அடித்திருந்தால் பிடுங்கும்போது பாதி பிளந்து போகும், அதற்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.