வேன் பிடிக்காமல் ஒரு நாள்: பாசிக்குடாவா, படுவான்கரையா, அறுகம்குடாவா?

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ ‘ஒரு நாளைக்கு எங்கேயாவது போய்வருவோம்’ என்று பேச்செடுத்தால், அடுத்த கேள்வி வேனுக்கு எவ்வளவு என்பதுதான். கணக்குப் பிழைக்கும் இடமும் அதுதான். கடலில் குளிக்க டிக்கெட் இல்லை, வாவியைப் பார்க்கவும் காசில்லை. பணம் போகிற வழி மூன்று: வண்டி, அங்கே போய் வாங்கும் சாப்பாடு, ‘வந்ததுக்கு இதிலும் ஏறிப் பார்ப்போம்’ என்று ஏறும் படகு. இந்த மூன்றையும் யார் கையில் வைத்திருக்கிறாரோ அவருக்குப் பயணம் மலிவு.

ஆகவே இடங்களை அழகை வைத்து ஒப்பிடுவதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேட்டுப் பாருங்கள். கூலி வண்டி இல்லாமல் போய்த் திரும்ப முடியுமா? அங்கே ஆகும் பெரிய செலவு ஆளுக்கு இவ்வளவா, வண்டிக்கு இவ்வளவா? பஸ்ஸும் ரயிலும் ஆளுக்குக் கணக்கு. ஜீப்பும் சபாரிப் படகும் மொத்தக் கணக்கு. இரண்டு பேர் ஏறினாலும் ஆறு பேர் ஏறினாலும் வாடகை அதேதான், நுழைவுச் சீட்டு மட்டும் தலைக்குத் தலை கூடும். ஒரே இடம் ஒரு குடும்பத்துக்கு மலிவாகவும் இன்னொரு சோடிக்குக் கட்டுபடியாகாமலும் போவதற்குக் காரணம் இதுதான்.

பாசிக்குடா: சிறுபிள்ளைகள் இருந்தால் வேறு யோசனை வேண்டாம்

மட்டக்களப்பு நகரத்திலிருந்து வடக்கே 35 கிலோமீற்றர் அளவு. வாழைச்சேனைக்குப் பஸ் தாராளமாக ஓடுகிறது. வாழைச்சேனையிலிருந்து கடற்கரை வரையுள்ள ஐந்து கிலோமீற்றர் சொச்சம்தான் சிக்கல்: ஓட்டோக்காரர் சுற்றுலாப் பயணியின் விலையைச் சொல்லுவார். ஏறுவதற்கு முன்னமே போகவர இரண்டுக்கும் சேர்த்துப் பேசுங்கள். திரும்பும் நேரம் கடற்கரையில் நின்று பேரம் பேசினால் தோற்பது நீங்கள்தான். மெதுவாக ஓடும் ரயிலின் நேரம் ஒத்துவந்தால் கல்குடா நிலையத்தில் இறங்கலாம்; அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர் நடைதான். ஆனால் அந்த நிலையத்தில் எல்லா ரயிலும் நிற்பதில்லை. மட்டக்களப்பு நிலையத்தில் போகும் நேரத்தோடு திரும்பும் நேரத்தையும் கேட்டு எழுதிக்கொண்டுதான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

இந்தக் கடலின் சிறப்பு அதன் ஆழமின்மை. வெளியே இருக்கும் பவளப்பாறை அலையை உடைத்துவிடுவதால், நூறு மீற்றர் போனாலும் இடுப்பளவுக்கு மேல் நீர் ஏறாத இடங்கள் உண்டு. கிழக்குக் கரையில் ஐந்து வயதுப் பிள்ளையை இவ்வளவு நிம்மதியாக இறக்க வேறு இடம் இல்லை. கல்லடிக் கடற்கரை வீட்டுக்குப் பக்கம், மாலைக் காற்றுக்கும் கடலைக்கும் அருமை, குளிப்பதற்கு வேண்டாம். அங்கே கரை சட்டென்று சரியும், உள்ளே இழுக்கும் நீரோட்டமும் உண்டு.

பாசிக்குடாவிலும் மூன்று விஷயத்தில் கவனம் வேண்டும். முதலாவது, நீர் விளையாட்டுப் படகுகள் ஓடும் பாதை. பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். அடுத்தது சொறி எனும் ஜெலிமீன். பட்டால் நல்ல தண்ணீரால் கழுவக்கூடாது, எரிச்சல் கூடும். கடல்நீரை ஊற்றி, ஒட்டியிருப்பதைக் கையால் தொடாமல் மெல்லத் தூக்கி எடுங்கள், தேய்க்காதீர்கள். கடைசியாக நாள். ஞாயிறும் போயா தினமும் தூர இடத்து பஸ்கள் வந்து குவிந்தால் நிழலுக்கு இடம் கிடையாது, சமையலும் சாராயமுமாகக் கரை நிறையும். விடுமுறைக் காலத்து ஒரு கிழமை நாளில் காலை எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்தால் அதே கடல் உங்களுக்கு மட்டும் என்பதுபோல் இருக்கும். சித்திரையிலிருந்து புரட்டாதி வரை கடல் அமைதி. கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்றோடு மழை வந்தால் இந்த ஒப்பீட்டிலிருந்தே அதை எடுத்துவிடலாம்.

படுவான்கரைச் சுற்று: எங்கள் தெரிவு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரைதான் படுவான்கரை. நால்வருக்கு மூன்று பேர் அதைச் சுற்றிவருவதைச் சுற்றுலா என்றே ஒத்துக்கொள்ளமாட்டார்கள். ஆனால் செலவோடு அனுபவத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் இதை வெல்ல ஒன்றுமில்லை. தேவையானது ஒரு சாதாரண லுமாலா சைக்கிள்.

மட்டக்களப்பு நகரத்திலிருந்து கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி, கிரான்குளம் வழியாகக் குருக்கள்மடம். அங்கே துறைக்கு இறங்கி, ‘பாதை’ என்று இங்கே சொல்லும் மிதவைப் படகில் சைக்கிளோடு ஏறி வாவியைக் கடந்தால் அம்பிளாந்துறை. அங்கிருந்து வயல் நடுவே கொக்கட்டிச்சோலை. பிறகு மண்முனைப் பாலத்தால் எழுவான்கரைக்கு, அதாவது கிழக்குக் கரைக்கு, திரும்பி ஆரையம்பதி, கல்லடி. மொத்தம் நாற்பது கிலோமீற்றர் அளவில். மேடு என்று ஒன்றுமே இல்லாத வீதி என்பதால் மணிக்கு 12 கிலோமீற்றர் போனாலே மிதிப்பது மூன்றரை மணித்தியாலம்தான். 2014-ல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை அந்தத் துறையிலும் பாதைதான் ஓடியது. அது இருந்திருந்தால் இரண்டு தடவை வாவி கடக்கலாம் என்று சைக்கிள்காரர் ஏங்கலாம். அன்றாடம் அதில் காத்துநின்ற ஊர்க்காரர் அப்படி ஏங்கமாட்டார்.

புறப்படும் நேரம் முக்கியம். ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். ஆகவே காலை ஐந்தரைக்கே கிளம்பி, காற்று எழும்புவதற்குள் தெற்கே போகும் பகுதியை முடித்துவிட வேண்டும். திரும்பும்போது வடக்கே வருவதால் காற்று முதுகில் இருக்கும். ஒன்பது மணிக்கு ஆறுதலாகப் புறப்படுபவர் குருக்கள்மடம் போய்ச் சேர்வதற்குள் களைத்துவிடுவார். கச்சானில் வாவியும் பகலில் குமுறும், பாதையின் தட்டில் உப்புத்தண்ணீர் தெறிக்கும். சைக்கிளைக் கம்பியோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மோட்டார் சைக்கிளானால் கியரில் போட்டு நிறுத்தி, கையை எடுக்காதீர்கள். வீடு வந்ததும் சங்கிலியை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் இரண்டு நாளில் துரு ஏறிவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர், காற்றடிக்கும் பம்ப், ஒட்டுத்துண்டும் சொலுஷனும், சில்லு நட்டுக்குப் பொருந்தும் ஸ்பெனர். நால்வர் போனால் பம்ப் ஒன்று போதும், ஒட்டுத்துண்டு நாலைந்து வேண்டும். பஞ்சர் ஆவது பெரும்பாலும் பழைய டியூப்பில், ஏற்கனவே ஒட்டிய இடத்தின் ஓரத்தில். நண்பகல் தார் வீதியின் சூட்டில் ஒட்டு இளகிக் காற்று கசியும். முதல்நாள் இரவே காற்றடித்து வைத்து, காலையில் இறங்கியிருக்கிறதா என்று பார்த்தால் பாதிப் பிரச்சினை வீட்டிலேயே தீர்ந்துவிடும்.

பாதை ஓடுகிறதா என்று முதல்நாள் அந்தப் பக்கத்தார் யாரிடமாவது கேட்டுவிடுங்கள். இயந்திரம் பழுதானாலும், வெள்ளம் வந்தாலும், காற்று மிஞ்சினாலும் நிறுத்திவிடுவார்கள். நின்றால் நாள் வீணாகாது: திரும்பி மண்முனைப் பாலத்தால் போய்ச் சுற்றலாம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரம் சிவன் கோயிலுக்கு மதியப் பூசைக்கு முன் போய்ச் சேருங்கள். பிறகு நடை சாத்திவிடுவார்கள். போர்த்துக்கேயர் காலத்தில் புல் தின்றதாகச் சொல்லப்படும் கல் நந்தியைப் பார்க்காமல் பிள்ளைகள் வரமாட்டார்கள்.

சைக்கிள் முடியாதவருக்கு இதே பயணம் பஸ்ஸிலும் உண்டு. களுவாஞ்சிகுடியில் இறங்கி, குருமண்வெளித் துறையில் பாதை ஏறினால் அக்கரை மண்டூர். முருகன் கோயிலில் திரை மூடியிருக்க, கப்புகனார் எனும் பூசகர் வாய் கட்டிப் பூசை செய்யும் முறையை வேறெங்கும் எளிதில் காணமுடியாது. ஆவணித் திருவிழாக் காலத்தில் துறையில் கூட்டம் நெரியும். அமைதியாகப் போய்வர வேண்டுமென்றால் அந்த நாட்களைத் தவிருங்கள். திரும்பும்போது பட்டிருப்புப் பாலத்தால் களுவாஞ்சிகுடிக்கு வரும் பஸ்ஸைப் பிடிக்கலாம்.

அறுகம்குடா: மலிவாகவும் முடியும், கையைக் கடிக்கவும் கூடும்

பொத்துவில் மட்டக்களப்பிலிருந்து நூறு கிலோமீற்றருக்கு மேல். நேர் பஸ் குறைவு, கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ மாற வேண்டிவரும். அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தார் ஒரு நாளில் போய்த் திரும்பலாம். மட்டக்களப்பார் ஓர் இரவு தங்குவதாக நினைத்தால்தான் சரிவரும், இல்லாவிட்டால் பகல் முழுக்க பஸ் இருக்கையில் போய்விடும். 100 சீசீ மோட்டார் சைக்கிளில் போய்வந்தால் நாலரை லீற்றர் பெற்றோல் வேண்டும். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கியூஆர் ஒதுக்கீடு தொடங்கியபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர்தான் கொடுத்தார்கள். அந்தப் பங்கில் இந்தப் பயணமே முடியாது.

விலை விஷயத்தில் அறுகம்குடா இரண்டு ஊர். பாலத்துக்கு அந்தப் பக்கம் உல்லைக் கடற்கரை, வெளிநாட்டவரின் விலை. இந்தப் பக்கம் மூன்று கிலோமீற்றரில் பொத்துவில் நகரம், நம்மவர் விலையில் சோறும் அறையும். பகலை அங்கே கழித்துச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இங்கே வருவதுதான் முறை. ஆடி, ஆவணியில் அலையும் உச்சம், அறை விலையும் உச்சம். புரட்டாதிக் கடைசியில் கூட்டம் குறையும், அலை இன்னும் இருக்கும். பேரமும் அப்போதுதான் படியும்.

அலைச்சறுக்கலைப் பார்த்துவிட்டு வரத்தான் நம்மவர் போகிறார்கள். ஏறிப் பார்ப்பவர் குறைவு. அது அவ்வளவு செலவான விளையாட்டு இல்லை. பலகை வாடகைக்குக் கிடைக்கும். புதியவருக்கு நாற்பது நிமிடத்தில் தோள் ஓய்ந்துவிடும் என்பதால் இரண்டு பேருக்கு ஒரு பலகை தாராளம். மேற்பரப்பு மென்மையான நீளப் பலகையைக் கேளுங்கள். குட்டையான கடினப் பலகை பார்வைக்கு அழகு, புதியவரைத் தாங்காது. எடுக்கும் முன் அதன் நொறுங்கல், கீறல், அடித்துடுப்பு எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னிலையில் போனில் படமெடுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது வரும் சண்டை எல்லாம் ‘இந்த உடைப்பு முன்பே இருந்தது’ என்பதில்தான். மேலுடம்புக்கு இறுக்கமான டீசேர்ட் போடாவிட்டால் பலகை உரசி வயிறு சிவந்துவிடும்.

பழக வேண்டிய இடம் மணல் அடியுள்ள பேபி பொயின்ற். பிரதான முனையின் அடியில் கூரிய பாறை, அலையும் தேர்ந்தவர்களுடையது. அங்கே இறங்கினால் காலும் கிழியும், திட்டும் கிடைக்கும். விழும்போது தலைகீழாகப் பாயாமல் உடம்பைத் தட்டையாக விழவிட்டு, கையால் தலையை மூடி எழும்ப வேண்டும். பலகையை உங்களுக்கும் வரும் அலைக்கும் நடுவில் வைத்திருக்கக் கூடாது, அது நேரே முகத்துக்கு வரும்.

காசில்லாமல் யானை பார்க்க வேண்டுமானால் பொத்துவிலிலிருந்து மொனறாகலை பஸ்ஸில் லாகுகலைப் பக்கம் ஏறுங்கள். தேசியப் பூங்காவின் ஓரமாகத்தான் வீதி போகிறது, மாலை நான்கு மணிக்குப் பிறகு குளத்தில் கூட்டமாக நிற்பதுண்டு. பஸ் யன்னலால் பார்ப்பதோடு சரி. மோட்டார் சைக்கிளில் அந்த நேரம் அங்கே நிற்பது வீரமில்லை, பாணமை வீதியும் பொழுது சாய்ந்தால் அப்படித்தான்.

வண்டிக் கணக்கில் வருபவை

குமணப் பூங்காவுக்கு உகந்தை வாசலால் நுழைய ஜீப் வேண்டும். ஆறு பேர் சேராமல் அதை நினைக்கவே வேண்டாம். ஆடியில் கதிர்காமப் பாதயாத்திரைக்குக் காட்டுப்பாதை திறக்கும்போது அடியார்கள் அதே காட்டை நடந்து கடக்கிறார்கள். ஆனால் அது நேர்த்திக்கடனோடு போகும் நடை, காடு பார்க்க மலிவு வழி என்று அதில் சேருவது முறையல்ல.

இங்கினியாகலை வேறு ரகம். 1949-ல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் சேனாநாயக்க சமுத்திரத்தில் படகில் போய், தீவுக்குத் தீவு நீந்தும் யானையைப் பார்ப்பது. அம்பாறை நகரம் வரை பஸ், பிறகு ஊர் பஸ் அல்லது ஓட்டோ. படகு வாடகையை நிறைய ஆள் சேர்த்துப் பிரித்தால் தலைக்குரிய பங்கு பாசிக்குடாவில் கண்ணாடிப் படகும் ஓட்டல் சோறுமாகக் கழியும் ஒரு நாளோடு கிட்ட வந்துவிடும். இரண்டு பேருக்கு அது வெறும் ஆடம்பரம். மழை ஓய்ந்து நீர் வற்றி, ஓரத்தில் புல் தெரியும் மாதங்களில் போங்கள். குளம் தளும்பும்போது யானை காட்டுக்குள் நிற்கும், படகுக்காசு தண்ணீர் பார்க்கப் போய்விடும். உயிர்காப்பு அங்கி ஆளுக்கொன்று இல்லாத படகில் எவ்வளவு குறைத்தாலும் ஏறாதீர்கள்.

சாப்பாடு

எங்கே போனாலும் பையில் என்ன இருக்கிறது என்பதில்தான் மீதிக் காசு மிஞ்சும். வெயிலில் முதலில் கெடுவது தேங்காய். பால் விட்ட கறியும் பச்சைத் தேங்காய்ச் சம்பலும் பதினொரு மணிக்கே புளித்துவிடும். சோறு கட்டுவதானால் ஆவி முழுக்க அடங்கியபின் வாழையிலையில் கட்டுங்கள். சூட்டோடு மூடினால் வியர்த்துக் கெடும். நன்றாகப் பொரித்த மீன், கருவாட்டுப் பொரியல், தண்ணீர் விடாமல் வதக்கிய கத்தரிக்காய் மதியம் வரை தாங்கும். பாணும் சீனிச் சம்பலும் அவித்த முட்டையும் அதைவிடப் பத்திரம். முட்டையை ஓட்டோடு கொண்டுபோய் அங்கே உரியுங்கள்.