மதர்போர்டு மாற்றக் கொடுக்கிறீர்களா? எஸ்எஸ்டியைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள்

சேலத்தில் கம்ப்யூட்டரைச் சர்வீஸுக்குக் கொடுக்கப் போகிறவர்கள், குறிப்பாகத் தொழில் ஃபைல்களை அதில் வைத்திருப்பவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். "போர்டு மாத்தினா ஓஎஸ் (அதாவது விண்டோஸ்) புதுசா போட்டே ஆகணும்" என்று கடையில் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒரு பேச்சால் என் மாமா பல வருஷமாக வரைந்து வைத்திருந்தது போய்விட்டது.

மாமா அம்மாபேட்டையில் சேலைக்கு டிசைன் போடுகிறவர். பார்டர், முந்தி, புட்டா என்று கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டை (தறிக்கு டிசைனைச் சொல்லும் ஓட்டை போட்ட அட்டை) அடிப்பார்கள். எலெக்ட்ரானிக் ஜக்கார்டு வைத்திருப்பவர்களுக்குப் பென் டிரைவில் ஃபைலாகவே போகும். அவருடையது நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், ஹெச்81 சிப்செட் (போர்டின் முக்கியச் சிப்) உள்ள போர்டு, விண்டோஸ் இருந்தது எஸ்எஸ்டியில் (சிப்பில் சேமிக்கும் டிஸ்க்). கோடை இடியில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஒருநாள் மெஷின் அடங்கிவிட்டது. திறந்து பார்த்தால் பிராசஸர் பக்கத்தில் கெபாசிட்டர்கள் தலை உப்பி நின்றன. போர்டு மட்டும்தான் போயிருக்கிறது, மற்றதெல்லாம் நன்றாக இருக்கிறது என்று கடைக்காரரே சொன்னார். வேறு கம்பெனி ஹெச்81 போர்டு போடுவதாகப் பேச்சு. டேட்டாவில் கை வைக்கக் கூடாது என்று மாமா என் எதிரிலேயே சொன்னார். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாதுங்கண்ணா" என்றார் கடைக்காரர்.

திரும்பி வந்த மெஷினை ஆன் செய்தால் திரையில் விண்டோஸின் நீலப் படம், ஓரத்தில் ரீசைக்கிள் பின், அவ்வளவுதான். "மாப்ள, டெஸ்க்டாப்ல வெச்சதெல்லாம் எங்கடா?" என்று மாமா கேட்டார். துண்டுச் சீட்டில் போர்டு விலைக்குக் கீழே "ஓஎஸ் + டிரைவர் 1,500" என்று எழுதியிருந்தது. போன் போட்டோம். "போர்டு மாறிடுச்சுல்ல சார், ஓஎஸ் போடாம ஓப்பனே ஆகாது. டி டிரைவ்வ நாங்க தொடவே இல்லையே" என்றார். டெஸ்க்டாப்பில் வைப்பதெல்லாம் விண்டோஸ் இருக்கும் சி டிரைவில்தான் இருக்கும், அழித்தது அதைத்தான். பழைய விண்டோஸோடு ஒருதடவை ஆன் செய்து பார்த்தீர்களா என்று கேட்டேன். "எல்லாருக்கும் இப்படித்தான் சார் போடறோம்." அதாவது, ஆன் செய்துகூடப் பார்க்கவில்லை.

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்றால், எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தில் இதில் உண்மை இருந்தது. வேறு சிப்செட் போர்டு போட்டால், டிஸ்க்கை விண்டோஸோடு பேச வைக்கும் டிரைவர் என்ற மென்பொருள் பொருந்தாமல் 7பி என்று முடியும் எண்ணோடு நீலத்திரை வந்து நிற்கும். விண்டோஸ் 10, 11 அப்படி இல்லை. புதுப் போர்டில் முதல் தடவை ஆன் செய்யும்போது "கெட்டிங் டிவைசஸ் ரெடி" என்று கொஞ்ச நேரம் ஓடி, வன்பொருளைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். பெரும்பாலும் நேராக டெஸ்க்டாப்புக்கே போய்விடும். இன்டெல்லிலிருந்து ஏஎம்டிக்கு மாறினாலும் பெரும்பாலும் இதே கதைதான். மாமாவுக்கோ சிப்செட்டே மாறவில்லை. நெட், சவுண்டு டிரைவரைப் பார்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும்.

ஓப்பன் ஆகவில்லை என்றாலும் ஃபார்மேட் கடைசிப் பேச்சாக இருக்க வேண்டும். முதலில் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும், போர்டின் சொந்த செட்டிங்ஸ்) பார்க்க வேண்டும்: பழைய போர்டில் டிஸ்க்கோடு பேசும் முறை ஏஹெச்சிஐ என்று இருந்து, புதியதில் ரெய்டு என்று இருந்தால் விண்டோஸ் எழாது, அதை மாற்றினால் போதும். பழைய போர்டு லெகஸி என்ற பழைய பூட் முறையில் ஓடி, புதியது யூஇஎஃப்ஐ என்ற புது முறை மட்டும் என்றால், டேட்டா அழியாமல் டிஸ்க்கை மாற்ற விண்டோஸ் 10-இலேயே 2017 முதல் ஒரு கருவி இருக்கிறது. டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் ஆன் ஆகியிருந்தால் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும், ஏனென்றால் பூட்டின் சாவி பழைய போர்டின் டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருந்தது. அந்தக் கீ பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். போர்டைக் கழற்றும் முன்பே எடுத்து எழுதி வையுங்கள். லினக்ஸ் ஆட்களுக்கு இதிலெல்லாம் பெரிய கவலை இல்லை, பூட் என்ட்ரியைத் திரும்பச் சேர்த்தால் சரி. எல்லாம் பார்த்தும் மெஷின் தடுமாறினால் புதிதாகப் போடுவதில் தப்பில்லை. ஆனால் அது பேக்கப் எடுத்த பிறகு, நம்மைக் கேட்ட பிறகு.

அடுத்தது லைசென்ஸ். மாமா கடையில் காசு கொடுத்து வாங்கிய ரீட்டெயில் விண்டோஸ் அது. போர்டு மாறினால் ஆக்டிவேஷன் (இது ஒரிஜினல்தான் என்ற பதிவு) போவது உண்மைதான், ஆனால் ரீட்டெயில் லைசென்ஸைப் புதுப் போர்டுக்குக் கொண்டுபோகலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு இணைத்திருந்தால், ட்ரபிள்ஷூட்டரில் வன்பொருள் மாற்றினேன் என்று சொன்னாலே முடிந்தது. இவர்கள் போட்டுத் தந்ததில் செட்டிங்ஸ், ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தேன். "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம்" ஆக்டிவேட் ஆனதாக இருந்தது. பெரிய கம்பெனிகளில் ஐடி துறை செய்யும் முறை அது. தறிக்கு டிசைன் போடும் ஒரு தனி ஆளின் மெஷினில் அந்த வரி இருந்தால் அது கிராக். காசு கொடுத்து வாங்கிய ஒரிஜினலை அழித்துத் திருட்டு விண்டோஸைப் போட்டு, அதற்கு 1,500 ரூபாய். இதை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

டேட்டாவைப் பற்றிக் கேட்டதும் "ரெகவரி பண்ணலாம், 6,000 ஆகும்" என்றார்கள். கொடுக்காதீர்கள். ஹார்டு டிஸ்க்கில் தவறுதலாக ஃபார்மேட் ஆனால் மேலே எதுவும் எழுதாமல் நிறுத்தி, கொஞ்சமாவது மீட்கலாம். எஸ்எஸ்டியில் ஃபார்மேட் செய்ததுமே ட்ரிம் என்ற கட்டளை போய், அந்த இடங்களை டிஸ்க்கே உள்ளுக்குள் துடைத்துவிடும். பிறகு எந்த மென்பொருள் போட்டுத் தேடினாலும் பெரும்பாலும் வெறுமைதான். இன்ஸ்டால் செய்யும்போது பார்ட்டிஷனை (டிஸ்க்கில் சி, டி என்று பிரித்த பகுதி) அழிக்காமல் விட்டிருந்தாலாவது பழைய ஃபைலெல்லாம் விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரில் கிடந்திருக்கும். அதைக்கூடச் செய்யவில்லை.

அட்டை அடித்து முடித்த டிசைன்களை, அந்த அட்டைகளைத் தறிக்காரர்களிடம் வாங்கி, ஓட்டை ஓட்டையாகப் பார்த்து மாமா திரும்ப வரைகிறார். ஒரு முந்திக்கே கட்டுக் கட்டாக அட்டை. அடிக்காமல் வைத்திருந்தவை போனவைதான்.

சரி, இனிக் கொடுப்பவர்கள் செய்ய வேண்டியது: எஸ்எஸ்டியும் ஹார்டு டிஸ்க்கும் கழற்றுவது ஒரு ஸ்க்ரூடிரைவர் வேலை. கழற்றி வீட்டிலேயே வையுங்கள். போர்டு ஆன் ஆகிறதா, பயாஸ் வருகிறதா என்று பார்க்க டிஸ்க் தேவையே இல்லை. டிஸ்க்கை மாட்டி ஆன் செய்வதை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள். "டேட்டா அழிக்கக் கூடாது" என்று ஜாப் சீட்டில் எழுதி வாங்குங்கள், ஜிஎஸ்டி பில் கேளுங்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 வருஷத்துக்குள் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்க வேண்டும் என்றும் இல்லை. நாங்கள் சீட்டு, ஆக்டிவேஷன் பக்கத்தின் போட்டோ, போன் பேச்சின் பதிவு மூன்றையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.

உங்கள் மெஷின் இப்போது ஏதாவது கடையில் போர்டு மாற்றக் கிடக்கிறது என்றால், இதைப் படித்த கையோடு போன் போட்டு, டிஸ்க்கைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.