இளம் பிரசங்கிகளுக்கான கதைசொல்லல் பயிற்சி: ஆறு அமர்வுகளும் ஒரு கதைத் தொகுப்பும்

வாலிபர் ஆராதனைகளில் அண்மையில் பிரசங்கிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இணையவழியில் நடத்தப்படும் ஆறு வாரப் பயிற்சி ஒன்றுக்கு எங்கள் சபையிலிருந்து மூன்று இளைஞர்களை அனுப்பியதோடு, நானும் அவர்களோடு மாணவனாகப் பெயர் பதிந்துகொண்டு எல்லா அமர்வுகளிலும் உட்கார்ந்திருந்தேன். வாரத்துக்கு ஓர் அமர்வு. முதல் ஒரு மணி நேரம் பயிற்றுநரின் பாடம். அடுத்த ஒரு மணி நேரம் நான்கைந்து பேர் கொண்ட குழுக்களில் பேசிப் பழகுதல். இவற்றோடு ஒரு கையேட்டையும், பிரசங்கங்களில் எடுத்தாள்வதற்கென்று திரட்டப்பட்ட கதைகளின் தொகுப்பு ஒன்றையும் அனுப்பிவைக்கிறார்கள். பாடங்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே இருக்கிறது. தொகுப்பைப் பற்றி அப்படிச் சொல்வதற்கில்லை.

முதல் அமர்வின் தொடக்கத்தில், கடைசியாகக் கேட்ட பிரசங்கத்தின் மூன்று தலைப்புகளையும் எழுதும்படி பயிற்றுநர் கேட்டார். பெரும்பாலோரின் தாள் வெறுமையாகவே இருந்தது. அந்தப் பிரசங்கத்தில் சொல்லப்பட்ட ஏதாவது ஒரு சம்பவத்தை எழுதச் சொன்னபோது, ஏறக்குறைய எல்லாருமே எழுதினார்கள். கதைக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் வழக்கமாக இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு வெற்றிப் புன்னகை செய்வார்கள். இவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டார். அந்தச் சம்பவம் எந்த வசனத்தை விளக்குவதற்காகச் சொல்லப்பட்டது என்பதே அது. சம்பவத்தை எழுதியவர்களிலும் பலர் அதற்குப் பதில் எழுத முடியாமல் திகைத்தார்கள். ஒரே எழுத்தில் தொடங்கும் மூன்று தலைப்புகளைத் தேடி அகராதியைப் புரட்டுவதிலேயே சனிக்கிழமை இரவுகளைக் கழித்த தலைமுறையைச் சேர்ந்தவன் நான் என்பதால், அந்த இரண்டு தோல்விகளுமே என்னுடையவை என்று உணர்ந்தேன்.

கதை வழியான பிரசங்கத்துக்கு இறையியல் கல்லூரிகளில் அரை நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு உண்டு என்பதைக் கையேடு சுருக்கமாக எடுத்துச் சொல்கிறது. பிரசங்கி தன் படிப்பறையில் கேள்வியிலிருந்து விடைக்கு மெல்ல மெல்லப் பயணம் செய்துவிட்டு, சபையாருக்கு மட்டும் விடையை முதலிலேயே அறிவித்துவிடுகிறார் என்றும், அந்தப் பயணத்தில் சபையாரையும் உடன் அழைத்துச் செல்ல வேண்டும் என்றும் 1971இல் வெளிவந்த தம் நூலில் அமெரிக்கப் பிரசங்கவியல் ஆசிரியர் பிரெட் கிராடக் வாதாடினார். பிரசங்கத்துக்கும் ஒரு கதைப்பின்னல் வேண்டும், முதலில் ஒரு சிக்கல் எழுந்து இறுக வேண்டும், அதன்பின்தான் நற்செய்தி அதை அவிழ்க்க வேண்டும் என்று 1980இல் அதே துறையைச் சேர்ந்த யூஜின் லோரி ஐந்து படிகளாக வரைந்து காட்டினார். கையேட்டில் இந்த இருவருக்கும் ஒதுக்கப்பட்டுள்ள நான்கு பக்கங்களும் தெளிவானவை. இளைஞர்கள் அவற்றைத் தாண்டிச் சென்றுவிட்டாலும் பெரிய நஷ்டம் ஒன்றும் இல்லை.

நஷ்டப்படக் கூடாதது இரண்டாவது அமர்வு. லூக்கா 15ஆம் அதிகாரத்தின் இரண்டு குமாரர் கதையை எடுத்துக்கொண்டு, வெளியிலிருந்து ஒரு எடுத்துக்காட்டும் சேர்க்காமல், வேதபகுதியில் உள்ளதை மட்டும் உற்றுக் கவனித்தால் எவ்வளவு கிடைக்கும் என்று ஒரு மணி நேரம் முழுவதும் காட்டினார். சொத்தில் தன் பங்கை வாங்கிப்போய் அழித்துவிட்ட இளைய மகன், தகப்பனிடம் திரும்பிச் சொல்வதற்காகத் தூர தேசத்திலேயே ஒரு பேச்சைத் தயார் செய்கிறான். அதன் கடைசி வாக்கியம், தன்னைக் கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்படி கேட்பது. தகப்பனைச் சந்தித்தபின் அவன் உண்மையில் பேசும் 21ஆம் வசனத்தில் அந்தக் கடைசி வாக்கியம் மட்டும் இல்லை. அவன் அதைச் சொல்லவில்லையா, சொல்ல விடப்படவில்லையா? அடுத்த வசனத்திலேயே தகப்பன் ஊழியக்காரரிடம் பேசத் தொடங்கிவிடுகிறார். அதேபோல மூத்த மகன் தன் தம்பியைத் தம்பி என்று சொல்ல மனமில்லாமல் “உம்முடைய குமாரனாகிய இவன்” என்கிறான். தகப்பனோ பதில் சொல்லும்போது “உன் சகோதரனாகிய இவன்” என்று அந்த உறவைத் திருப்பி அவன் கையிலேயே கொடுக்கிறார். முப்பது ஆண்டுகளாக இந்தப் பகுதியைப் பிரசங்கித்து வரும் நான், மனந்திரும்புதலின் நான்கு படிகள் என்று தலைப்பிட்டு இந்த இரண்டு இடங்களையும் நிதானிக்காமல் கடந்துபோயிருக்கிறேன்.

இந்தக் கவனிப்பைப் பழக்கமாக்குவதற்கு அவர்கள் தரும் பயிற்சி எளிமையானது. பயிற்சியின் மிகச் சிறந்த அம்சமும் இதுவே என்பது என் கருத்து. வேதபகுதியைச் சத்தமாக ஏழு முறை வாசிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, எதிரில் இருப்பவரிடம் அதைச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் திறந்த வேதாகமத்தோடு இருந்து, சொல்கிறவர் எதை விட்டார், எதைத் தாமாகச் சேர்த்தார் என்று குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் மூவரில் ஒரு சகோதரி அப்போஸ்தலர் 20ஆம் அதிகாரத்தில் வரும் ஐத்திகுவின் கதையைச் சொன்னார். நடுராத்திரி வரைக்கும் நீண்ட பவுலின் பிரசங்கத்தின்போது ஜன்னலில் உட்கார்ந்து தூங்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து, விழுந்த வாலிபன் அவன். சகோதரி எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியும், மேல்வீட்டில் அநேக விளக்குகள் எரிந்ததை விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக அந்த அறையை இருட்டாக்கியிருந்தார். அது சுட்டிக்காட்டப்பட்டபோது, இருட்டில் தூங்குவதைவிட அத்தனை வெளிச்சத்தில் தூங்குவது எவ்வளவு களைப்பைக் காட்டுகிறது என்று அவரே வியந்தார். (விழுந்தவன் உயிரோடு எழுப்பப்பட்ட பிறகு பவுல் மறுபடியும் மேலே ஏறிப்போய் விடியற்காலம் வரை பேசினார் என்பதை நீண்ட பிரசங்கம் செய்கிற எங்களைப் போன்றவர்கள் ஆறுதலுக்காக மேற்கோள் காட்டுவதுண்டு, அது எல்லாருக்கும் பொருந்தும் ஆறுதல் அல்ல.)

கற்பனைக்கு எல்லை எது என்ற கேள்விக்கும் மூன்றாவது அமர்வில் நேரான பதில் கிடைத்தது. வேதம் சொல்லாததை ஊகித்துச் சொல்லலாம், ஆனால் அது ஊகம் என்பது கேட்கிறவருக்குத் தெரிய வேண்டும். “ஒருவேளை” என்ற ஒரு சொல் போதும் என்றார்கள். நிருபங்களை, அதாவது வேதத்திலுள்ள கடிதங்களை, எப்படிக் கதையாகச் சொல்வது என்று ஒருவர் கேட்டதற்கு, பவுல் பிலேமோனுக்கு எழுதிய 25 வசனங்களை எடுத்து, தன்னைப் பற்றி எழுதப்பட்ட கடிதம் சென்று சேரும் வீட்டுக்கே, தான் விட்டு ஓடிய எஜமானிடத்துக்கே, அடிமையாகிய ஒநேசிமு திரும்பிச் செல்வதைச் சொல்லிக் காட்டினார்கள். அது அழகாக இருந்தது. ஆனால் ரோமர் 4ஆம் அதிகாரத்தின் வாதத்தையோ நீதிமொழிகளையோ என்ன செய்வது என்பதற்கு அந்தப் பதில் உதவாது; எல்லா வேதபகுதியும் கதையாக மாற வேண்டியதில்லை என்று அவர்கள் சொல்லியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். குரல், கை அசைவு, மைக் பிடிக்கும் முறை பற்றிய நான்காவது அமர்வை வேறு எங்கும் கற்றுக்கொள்ளலாம்.

இனி அந்தத் தொகுப்பு. பொறுமை, மன்னிப்பு, ஜெபம் என்று அகரவரிசையில் அடுக்கப்பட்ட கதைகள். பெரும்பாலானவற்றுக்கு இடமும் இல்லை, காலமும் இல்லை, சொன்னவர் யார் என்பதும் இல்லை. பல கதைகள் “நான் ஒருமுறை பயணம் செய்துகொண்டிருந்தபோது” என்று தன்மையில் எழுதப்பட்டிருப்பதுதான் உண்மையான ஆபத்து. ஐந்தாவது அமர்வின் குழுப் பயிற்சியில் ஓர் இளைஞர், ரயிலில் தம் எதிரில் அமர்ந்திருந்த ஒரு முதியவரைப் பற்றி உருக்கமாகப் பேசி முடித்தார். அடுத்துப் பேச வேண்டியவர் தம் தாளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், பிறகு மெல்லிய குரலில், தாமும் அதே முதியவரை அதே ரயிலில் சந்தித்ததாகவே எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். எல்லாரும் சிரித்தோம்; எனக்குச் சிரிப்பு உடனே அடங்கிவிட்டது. சத்தியத்தைப் பேசுவதற்காக நிற்கிற இடத்தில் நடக்காததை நடந்ததாகச் சொல்லும் பழக்கத்தை, பயிற்சியின் பெயராலேயே ஊட்டுகிறோமே என்ற கவலைதான் மிஞ்சியது. ஆலோசனை கேட்டு வந்தவர்களின் துயரங்களை, அவர்களுடைய அனுமதி இல்லாமல் பெயரை மட்டும் மாற்றிப் பிரசங்க பீடத்தில் சொல்லக் கூடாது என்பதற்குக் கையேட்டில் இரண்டே வரிகள் இருக்கின்றன. அதற்கு ஒரு முழு அமர்வு தேவை.

கடைசி அமர்வில் ஒவ்வொருவரும் பன்னிரண்டு நிமிடம் பிரசங்கிக்க வேண்டும். அதற்கு முன்பு, பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவினிடத்தில் தீர்க்கதரிசியாகிய நாத்தான் சொன்ன, ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்துக்கொண்ட ஐசுவரியவானின் கதையைப் பயிற்றுநர் அலசினார். ஏழையின் ஆட்டுக்குட்டி அவன் பாத்திரத்திலே குடித்து, அவன் மடியிலே படுத்து, அவனுக்கு ஒரு மகளைப் போல இருந்தது என்கிற விவரங்கள்தான் ராஜாவின் கோபத்தை மூட்டுகின்றன. தீர்ப்பை ராஜாவே தன் வாயால் சொன்ன பிறகுதான் “நீயே அந்த மனுஷன்” என்ற வார்த்தை வருகிறது. இவ்வளவு நன்றாக விளக்கியவர்களின் மதிப்பெண் தாளில், கதைக்குப் பின் மூன்று நடைமுறைப் பாடங்கள் சொல்லப்பட்டனவா என்று ஒரு கட்டம் இருப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை. எங்கள் இளைஞர் ஒருவர் மூத்த மகனை எடுத்துக்கொண்டு பேசினார். வீட்டுக்குள்ளிருந்து கீதவாத்தியம் கேட்கிறது, தகப்பன் வெளியே வந்து வருந்தி அழைக்கிறார், மகன் இன்னும் வாசலுக்கு வெளியே நிற்கிறான் என்று சொல்லி, அவன் உள்ளே போனானா என்பதை லூக்கா எழுதவில்லை என்ற வாக்கியத்தோடு நிறுத்திவிட்டு உட்கார்ந்தார். முறுமுறுத்துக்கொண்டிருந்த பரிசேயருக்கும் வேதபாரகருக்கும் சொல்லப்பட்ட கதை அப்படித்தான் முடிகிறது. மூன்று பாடங்களுக்கான அந்தக் கட்டத்தில் அவருக்குப் பூஜ்யம் போட்டார்கள்.

கேட்பவர்களுக்குக் கொடுக்கும் கருத்துத் தாளையும் குறிப்பிட வேண்டும்: “நன்றாக இருந்ததா” என்று கேட்காமல், “எதைக் கண்டீர்கள், எந்த இடத்தில் கவனம் விலகியது” என்று மட்டும் கேட்கிற அந்தத் தாளை எங்கள் சபையில் இப்போது என் பிரசங்கத்துக்கும் பயன்படுத்துகிறோம். முதல் மாதத்தின் பதில்கள் எனக்கு இதமாக இல்லை. அடுத்த அணிக்கு இன்னும் இருவரை அனுப்புவதாக இருக்கிறேன். கதைத் தொகுப்பைத் திறக்க வேண்டாம் என்று சொல்லித்தான் அனுப்புவேன்.