விசா முதலே எடுப்பதா, வந்திறங்கி எடுப்பதா? பாஸ்போர்ட் தொலைந்தால் அவசரப் பத்திரமா, புதுப் பாஸ்போர்ட்டா?

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத் தீர்த்தம் பார்க்கவும், பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்குப் பாசிக்குடா, அறுகம்பை என்று சுற்றவும் லண்டனிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் சூரிச்சிலிருந்தும் உறவுகள் வந்து குவிகிற மாதங்கள் ஜூலையும் ஓகஸ்டும். டிக்கெட் எடுத்த கையோடு எல்லாரும் கேட்பது, இலங்கை விசாவை இணையத்தில் முதலே எடுப்பதா, கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிய பிறகு எடுப்பதா என்றுதான். அடுத்த கேள்வியை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. பாஸ்போர்ட் தொலைந்த பிறகுதான் கேட்கிறார்கள்: அவசரப் பயணப் பத்திரத்தோடு ஊர் திரும்புவதா, புதுப் பாஸ்போர்ட்டுக்கே போடுவதா?

மட்டக்களப்பில் இருந்துகொண்டு இவற்றுக்குப் பதில் சொல்லும்போது கட்டணப் பட்டியலை மட்டும் பார்த்துப் பயனில்லை. தூதரகங்கள் கொழும்பில். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தலைமையகம் பத்தரமுல்லையில். இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல். எந்த வழியில் கொழும்புப் பயணம் குறைகிறதோ அந்த வழிதான் நமக்கு மலிவு.

விசா: 50 டொலரா, 60 டொலரா?

ஈடிஏ என்கிற இணைய முன் அனுமதி 2012 ஜனவரியிலிருந்து இருக்கிறது. சுற்றுலாவுக்கு 30 நாள். சார்க் எனும் தெற்காசிய நாட்டவருக்கு 20 டொலர், மற்றவர்களுக்கு 50 டொலர். அதையே விமான நிலையத்தில் இறங்கி எடுத்தால் 25, 60. பன்னிரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. சிங்கப்பூர்க் கடவுச்சீட்டுக்காரருக்கு இந்த அனுமதியே தேவையில்லை.

நடுவில் ஒரு குழப்பம் நடந்ததால் பலருக்கு இன்னும் பழைய பயம் இருக்கிறது. 2024 ஏப்ரலில் ஈடிஏயை நிறுத்தி, இணைய விசாவை வெளிநாட்டுத் தனியார் கூட்டமைப்பு ஒன்றிடம் கொடுத்தார்கள். சேவைக் கட்டணமும் சேர்ந்து செலவு எகிறியது. வழக்குப் போனது. ஓகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது. செப்டம்பர் கடைசியில் பழைய ஈடிஏ திரும்பி வந்தது. ஆகவே யாராவது 100 டொலர் என்று சொன்னால் அது அந்த இடைக்காலத்துக் கதையாக இருக்கும், இல்லாவிட்டால் அரசாங்கத் தளம் மாதிரியே வேடம் போட்டுக் கூடுதலாகக் கறக்கும் ஒரு தளமாக இருக்கும். முகவரி 'ஜிஓவி டொட் எல்கே' என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வங்கி அட்டையை வெளியே எடுக்க வேண்டும்.

“வந்து எடுத்தால் என்ன மச்சான், பத்து டொலர்தானே?” என்று கனடாவிலிருந்து ஒரு மச்சாள் கேட்டார். நியாயமான கேள்வி. பெரியவர்கள் நாலு பேர் என்றால் 40 டொலர், ஏறக்குறைய 12,000 ரூபா. விமான நிலையத்திலிருந்து ஊருக்கு வான் பிடிக்கிற செலவோடு பார்த்தால் அது சின்னக் காசுதான். நான் முதலே எடுக்கச் சொல்வது அந்தக் காசுக்காக இல்லை. இணையத்தில் எடுத்தால் அனுமதி மின்னஞ்சலில் வரும். எத்தனையாம் திகதி, எந்தப் பாஸ்போர்ட் இலக்கத்துக்கு என்று எல்லாம் அதில் இருக்கும். பாஸ்போர்ட் தொலைந்தாலும் அந்த மின்னஞ்சல் தொலையாது. இறங்கி எடுத்த விசாவோ பாஸ்போர்ட்டோடு சேர்ந்து போய்விடும்; பற்றுச்சீட்டையும் அதற்குள்ளேதான் மடித்து வைத்திருப்பார்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். ஈடிஏ பாஸ்போர்ட் இலக்கத்தோடு கட்டப்பட்டது. எடுத்த பிறகு பாஸ்போர்ட்டை மாற்றினால் பழைய அனுமதி உதவாது. புதிய இலக்கத்துக்குத் திரும்ப எடுக்க வேண்டும்.

முப்பது நாள் போதாதவர்கள் இணையத்திலேயே நீடிக்கலாம். முன்பு இதற்காகவே பத்தரமுல்லைக்கு ஒரு முழு நாள் போகும்.

பாஸ்போர்ட் தொலைந்தால்

முதலில் வீட்டை, வானை, தங்கிய விடுதியை நன்றாகத் தேடுங்கள். இதை ஒப்புக்குச் சொல்லவில்லை. பிரித்தானியப் பாஸ்போர்ட்டைத் தொலைந்ததாக இணையத்தில் அறிவித்தால் அது அந்தக் கணமே ரத்தாகும். பிறகு பையின் அடியில் கிடைத்தாலும் அதை வைத்துப் பறக்க முடியாது. தேடியும் இல்லை என்றால் தாமதிக்காமல் தொலைந்த இடத்துக்குரிய பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு. அதன் பிரதி இல்லாமல் எந்த வாசலும் திறக்காது. பிரதி தமிழிலோ சிங்களத்திலோதான் கிடைக்கும் என்பதால், சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்திலும் ஒன்று இங்கேயே எடுத்துவிடுவது நல்லது. படமும் இங்கேயே எடுக்கலாம், ஆனால் அந்தந்த நாடு கேட்கிற அளவைச் சொல்லி எடுக்க வேண்டும். கொழும்பில் போய் அலையாமல் இருக்க இதெல்லாம் உதவும்.

இனி ஒப்பீடு. பிரித்தானிய அவசரப் பயணப் பத்திரம் 100 பவுணுக்குக் குறையாது. இணையத்தில் விண்ணப்பித்து, அவர்கள் நேரம் குறித்துத் தந்தால் கொழும்பு 7, பௌத்தாலோக மாவத்தையில் இருக்கும் உயர் ஸ்தானிகராலயத்துக்குப் போக வேண்டும். அதன் பிறகு பொதுவாக இரண்டு வேலை நாளில் தயாராகிவிடும். ஆனால் அது குறிப்பிட்ட பயணத்துக்கு மட்டும்தான்: எந்தத் திகதி, எந்த நாடுகள் வழியாக என்று அதிலேயே எழுதியிருக்கும். ஐந்து நாடுகள் வரைதான் தாண்டலாம். ஊர் போய் இறங்கியதும் அங்கே அதிகாரிகள் அதை வாங்கி வைத்துக்கொள்ளவும் கூடும். அப்புறம் புதுப் பாஸ்போர்ட்டுக்கு இன்னொரு தரம் காசு கட்ட வேண்டும்.

புதுப் பாஸ்போர்ட் என்றால் காசு ஒரு தரம்தான், பத்து வருடக் கவலை தீரும். ஆனால் அது கொழும்பில் அச்சாவதில்லை. பிரித்தானியாவுக்கு விண்ணப்பம் அங்கே போய்த் திரும்ப வரவேண்டும்; அது கிழமைக் கணக்கு. கனடாவுக்கு வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தால் 20 வேலை நாள் என்பது அவர்கள் சொல்லும் அளவு. பத்து வருடப் பாஸ்போர்ட்டுக்கு உள்நாட்டில் கட்டுவதைவிடக் கிட்டத்தட்ட 100 கனேடிய டொலர் கூடவும் கட்ட வேண்டும். தொலைத்ததற்கான கட்டணம் அதற்கு மேல்.

மூன்று கிழமை விடுமுறையில் வந்த குடும்பத்துக்கு அவசரப் பத்திரம்தான் சரி. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தொலைந்த மறுநாளே கொழும்புக்கு ஓட வேண்டாம். அந்தப் பத்திரம் திரும்பும் டிக்கெட்டை ஒட்டித்தான் எழுதப்படும். முறைப்பாட்டுப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு விடுமுறையை இங்கேயே கழியுங்கள். டிக்கெட்டுக்கு ஒரு கிழமை முன்னதாக நேரம் எடுத்து, பெட்டி படுக்கையோடு இரவு ரயிலிலோ பஸ்ஸிலோ இறங்குங்கள். உயர் ஸ்தானிகராலய வேலை, பத்தரமுல்லை வேலை இரண்டையும் முடித்துவிட்டு அப்படியே கட்டுநாயக்காவுக்குப் போகலாம். போகும் கிழமையில் போயா நாள் (பௌர்ணமி விடுமுறை) விழுகிறதா என்று கலண்டரைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு அரச அலுவலகம் எதுவும் திறக்காது.

பத்தரமுல்லையில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பலர் கடைசி நேரத்தில் தடுமாறுவது இங்கேதான். நீங்கள் நாட்டுக்குள் முறையாக வந்ததற்கான முத்திரை தொலைந்த பாஸ்போர்ட்டில் இருந்தது. புதிதாகக் கிடைத்த பத்திரத்தில் அது இல்லை. குடிவரவுத் திணைக்களம் தன் பதிவைப் பார்த்து, வந்த திகதியையும் விசாவையும் புதுப் பத்திரத்தில் ஏற்ற வேண்டும். ஈடிஏ மின்னஞ்சலும் விமான டிக்கெட்டும் தொலைபேசியில் இருந்தால் அங்கே பேச்சுக் குறையும். விமானம் டோஹா, டுபாய் வழியாகப் போகிறதென்றால், அவசரப் பத்திரத்தை அங்கே ஏற்பார்களா என்று விமான நிறுவனத்திடம் கேட்டு எழுத்தில் பதில் வாங்குவதும் அதே கிழமை வேலை.

புதுப் பாஸ்போர்ட் வெல்வது இரண்டு இடத்தில். குளிர்காலம் முழுக்க இங்கே தங்க வந்த ஓய்வூதியக்காரருக்கு நேரம் இருக்கிறது, காத்திருக்கலாம். மற்றது, இங்கிருந்து கல்யாணப் பட்டெடுக்கச் சென்னைக்கோ, நேர்த்திக்கு வேளாங்கண்ணிக்கோ போக இருப்பவர்கள். இந்திய இ-விசா சாதாரணப் பாஸ்போர்ட்டுக்குத்தான். அவசரப் பத்திரத்துக்குத் தரமாட்டார்கள். அந்தப் பயணம் முக்கியம் என்றால் டிக்கெட்டைத் தள்ளிப் போட்டாவது புதுப் பாஸ்போர்ட்டுக்குப் போக வேண்டும்.

நோர்வே, டென்மார்க் உறவுகளுக்கு இந்தத் தெரிவு இவ்வளவு எளிதாக இல்லை. நோர்வே தன் கொழும்புத் தூதரகத்தை 2023இல் மூடிவிட்டது. இரண்டு நாடுகளின் இலங்கை அலுவல்களையும் புதுதில்லித் தூதரகங்கள்தான் பார்க்கின்றன. அவர்கள் புறப்படுமுன்னே புதுதில்லியின் அவசரத் தொலைபேசி இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வரட்டும். பாஸ்போர்ட்டின் தகவல் பக்கத்தைப் படமெடுத்து இங்கே ஒரு சொந்தக்காரருக்கும் அனுப்பி வைக்கட்டும்.

இரட்டைப் பிரஜாவுரிமை இருந்தால்?

இலங்கைப் பாஸ்போர்ட்டும் வைத்திருப்பவர் அதைக் காட்டி நுழையலாம். ஈடிஏ இல்லை, 30 நாள் எல்லை இல்லை. அது தொலைந்தால் உள்நாட்டு அலுவல்தான்: சாதாரண சேவைக்கு 10,000 ரூபா, ஒருநாள் சேவைக்கு 20,000 ரூபா, தொலைத்ததற்கான தண்டம் தனி. கொழும்புக்கே போகாமல் கண்டி, வவுனியா கிளைகளிலும் கொடுக்கலாம். வருடா வருடம் வந்து மாதக்கணக்கில் தங்கும் பெரியவர்களுக்கு, காணி அலுவல் உள்ளவர்களுக்கு, இது நல்ல வழி. மூன்று வருடத்துக்கு ஒரு தரம் வரும் பிள்ளைகளுக்கு 50 டொலர் ஈடிஏயே போதும்.

ஆனால் இரண்டு பாஸ்போர்ட் இருக்கிறதே, ஒன்று தொலைந்தால் மற்றதில் திரும்பலாம் என்று நினைக்கக் கூடாது. கனடா 2016 நவம்பர் 10இலிருந்து தன் இரட்டைப் பிரஜைகளும் கனேடியப் பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் விமானம் ஏறலாம் என்று வைத்திருக்கிறது. கனேடியப் பாஸ்போர்ட் தொலைந்தால், கையில் இலங்கைப் பாஸ்போர்ட் பத்திரமாக இருந்தாலும், கொழும்பு 3இல் உள்ள கனேடிய உயர் ஸ்தானிகராலயத்தின் படியேறத்தான் வேண்டும். ஆகவே நுழைந்த பிறகு அந்த வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டைக் கடற்கரைக்கும் கோயில் கூட்டத்துக்கும் கொண்டு திரியாமல் வீட்டு அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். வெளியே போகும்போது பிரதி ஒன்று போதும்.