சாவி கொடுக்கும் பழைய ஒமேகா: 266 மெஷின் பற்றிய மதிப்புரை

பழைய சுவிஸ் கடிகாரம் வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் மிக மெல்லியதையே முதலில் கேட்கின்றனர். 1955-இல் வந்த வஷெரோன் கான்ஸ்டன்டினின் 1003 மெஷின் (கடிகாரத்தின் உள்ளே ஓடும் இயந்திரம்) 1.64 மி.மீ. தடிமனும், 1957-இல் வந்த பியாஜேயின் 9பி 2 மி.மீ. தடிமனும் கொண்டவை. அந்த வேலைப்பாட்டை நான் மனதார மதிக்கிறேன். ஆனாலும் கோவை, திருப்பூர் போன்ற தொழில் ஊர்களில் நாள்தோறும் கட்டிக்கொள்வதற்கு, 266 மெஷின் பொருத்திய 1950-களின் ஒமேகாவையே பரிந்துரைப்பேன். என் கையில் இருப்பதும் அதுதான்.

காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. வானாய்வகங்களின் துல்லியப் போட்டிகளில் கைக்கடிகாரப் பிரிவுக்கு 30 மி.மீ. விட்டமே உச்சவரம்பு என்பதால், அந்த இடம் முழுவதையும் பயன்படுத்தி, நேரத்தைச் சீராக்க இருபுறமும் ஆடும் பேலன்ஸ் வீல் பெரிதாகவும், மெஷினை ஓட்டும் விசையைத் தரும் மெயின் ஸ்பிரிங் தாராளமாகவும் அமையுமாறு 1939-இல் 30டி2 மெஷினை ஒமேகா உருவாக்கியது. அதன் வழிவந்ததே 266. அச்சுகளின் உராய்வைக் குறைக்கும் பதினேழு கற்கள், மணிக்கு 18,000 துடிப்புகள், அதிர்ச்சித் தாங்கி, டயலில் ஆறாம் எண்ணுக்கு மேலே சிறிய நொடிமுள். பின்மூடியைத் திறந்தால் தெரியும் செம்பு நிறப் பாலங்களின் (சக்கரங்களைத் தாங்கும் தகடுகளின்) அழகை எவ்வளவு பார்த்தாலும் எனக்குச் சலிப்பதில்லை.

மெயின் ஸ்பிரிங் தளரத் தளர அதன் விசை குறையும். ஆகவே காலையில் ஒரே நேரத்தில், குமிழ் இறுகும் வரை சாவி கொடுப்பவருக்கு, விசை நிறைந்திருக்கும் பகுதியிலேயே மெஷின் ஓடுவதால், நேரம் சீராக அமையும். இறுகிய பின் வலிந்து திருகக் கூடாது.

நம் பகுதிக்கே உரிய இரண்டு எதிரிகள் உண்டு. பீளமேடு, கணபதி பக்கத்து மோட்டார், பம்புசெட் பட்டறைகளில் வேலை செய்வோர் காந்தத்தைக் கவனிக்க வேண்டும். பேலன்ஸ் வீலை ஆட்டும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங், காந்தத்தை ஓரளவு தாங்கும் உலோகக் கலவைதான் என்றாலும், வலுவான காந்தத்துக்கு மிக அருகே சென்றால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, செயல்படும் நீளம் குறைந்து, கடிகாரம் நிமிடக் கணக்கில் வேகமாக ஓடத் தொடங்கும். மெஷின் கெட்டுவிட்டதென்று பதற வேண்டாம். காந்தநீக்கி உள்ள கடையில் சில நொடிகளில் சரியாகிவிடும். மற்றொன்று பஞ்சுத்தூசு. அக்காலத்து டிரஸ் வாட்ச் கேஸ்கள் பல இறுக்கமாக மூடுவதில்லை. தூசு எண்ணெயோடு கலந்தால் பற்சக்கர அச்சுகள் தேயும். மில்லுக்குள் செல்வோர் சர்வீஸைத் தள்ளிப்போடக் கூடாது. மழையில் கழற்றிவிடுவதே நல்லது.

வாங்கும்போது டயலைத்தான் நான் நெடுநேரம் பார்ப்பேன். புதுப்பெயிண்ட் அடித்துப் பளபளக்கும் டயலைவிட, எழுத்துகள் கூர்மையாக நிற்கும், சற்றே மங்கிய அசல் டயலுக்கே மதிப்பு அதிகம். அடுத்து, முழுச் சாவி கொடுத்து, கடிகாரத்தின் ஓட்டத்தை அளக்கும் கருவியான டைமிங் மெஷினில் பேலன்ஸ் வீலின் வீச்சை (நடுநிலையிலிருந்து ஒரு பக்கம் அது சுழலும் கோணத்தை) கேட்டுப் பெற வேண்டும். படுக்கை நிலையில் 270 பாகைக்கு அருகில் இருந்தால் நிம்மதியாக வாங்கலாம், 220-க்குக் கீழே இருந்தால் முழுச் சர்வீஸ் செலவையும் சேர்த்தே விலை பேச வேண்டும். 1963 வரை இந்த 30 மி.மீ. குடும்பத்தில் ஏறத்தாழ 30 லட்சம் மெஷின்கள் வெளிவந்ததால், உதிரிபாகம் தேடுவது மெல்லிய மெஷின்களுக்கு ஆகும் அளவு சிரமமாகாது.