லோயாட்டில் கேமிங் மானிட்டர்: காசு கொடுக்கும் முன் ஓட விட்டுப் பாருங்கள்

கேமிங் மானிட்டரை ஷாப்பியிலும் லஸாடாவிலும் வீட்டிலிருந்தே வாங்கிவிடலாம். ஆனாலும் கோலாலம்பூரில் இருப்பவர்கள் புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசாவுக்கு நேரில் போய் வாங்குவதே நல்லது என்பது எங்கள் முடிவு. இம்பி மோனோரெயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். விலைக்காக இதைச் சொல்லவில்லை. அங்கே மானிட்டரை ஓட விட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுக்கலாம். கிராஃபிக்ஸ் கார்டின் வேகத்துக்கேற்பத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் அடாப்டிவ் சிங்க் மானிட்டர்களில் எந்த விளக்கத்தாளிலும் அச்சாகாத குறை ஒன்று உண்டு. அதைக் கண்ணால் பார்த்தால்தான் உண்டு.

அங்கே குறையாகத் தெரிவது, காட்சிக்கு வைத்திருக்கும் திரைகளில் ஓடும் விளம்பரக் காணொளிகள். சீரான வேகத்தில் ஓடும் காணொளியில் எல்லா மானிட்டரும் அழகுதான். டியரிங், அதாவது படம் கிழிவது, தெரிவது கேமில், கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது. தூண், கதவு, மரம் எல்லாம் நடுவில் வெட்டி நகர்த்தியதுபோல் இரண்டாகப் பிரியும். 165 ஹெர்ட்ஸ் மானிட்டர் 6.06 மில்லி விநாடிக்கு ஒருமுறை மேலிருந்து கீழாகப் படத்தை வரைகிறது. கிராஃபிக்ஸ் கார்டு அந்தக் கணக்குக்கு ஃபிரேம் (ஒரு முழுப் படம்) தருவதில்லை. பாதி வரைந்த நேரத்தில் புது ஃபிரேம் வந்தால் மேல் பாதி பழசு, கீழ் பாதி புதுசு. மானிட்டரின் சுற்றுக்காகக் கார்டைக் காத்திருக்க வைக்கும் வி-சிங்க் போட்டால் கிழியாது, ஆனால் மவுஸ் கனக்கும், அதாவது கை அசைவு திரையில் தாமதமாகத் தெரியும். 60 ஹெர்ட்ஸ் திரையில் 16.67 மில்லி விநாடியைத் தவறவிட்ட ஃபிரேம் அடுத்த சுற்றுக்குக் காத்திருப்பதால் வேகம் சட்டென்று 30க்கு விழுவதும் உண்டு. அடாப்டிவ் சிங்க் இதைத் தலைகீழாக்குகிறது. கார்டு முடிக்கும்வரை மானிட்டர் காத்திருக்கும்.

'என்விடியா கார்டா, அப்படியானால் ஜி-சிங்க் மானிட்டர்தான் வேண்டும்' என்று யாராவது என்விடியாவின் சொந்த சிங்க் முறையுள்ள, விலை கூடியதைக் காட்டினால் நம்ப வேண்டாம். திரைகளுக்கான தரங்களை வகுக்கும் வெசா அமைப்பு 2014இல் அடாப்டிவ் சிங்கை டிஸ்ப்ளேபோர்ட் 1.2ஏ என்ற இணைப்புத் தரத்தில் சேர்த்தது. 2019 ஜனவரியில் வந்த 417.71 டிரைவரிலிருந்து ஜிடிஎக்ஸ் 10 வரிசையும் அதற்குப் பிந்தைய என்விடியா கார்டுகளும், போட்டி நிறுவனமான ஏஎம்டியின் ஃபிரீசிங்க் பெயரில் வரும் அடாப்டிவ் சிங்க் மானிட்டரில் வேலை செய்கின்றன.

ஸ்டிக்கரைவிட முக்கியம் ரேஞ்ச், அதாவது சிங்க் வேலை செய்யும் ரெஃப்ரெஷ் வேகத்தின் (விநாடிக்குத் திரை எத்தனை முறை வரைகிறது என்பதன்) கீழ் எண்ணும் மேல் எண்ணும். 48 முதல் 165 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் நல்லது. மேல் எண் கீழ் எண்ணைப்போல் இரண்டு மடங்காவது இருந்தால்தான் எல்எஃப்சி என்ற குறைவேக ஈடுகட்டல் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டரை மடங்கு என்றால் கவலையே இல்லை. கேம் 40 ஃபிரேமுக்கு இறங்கினால் ஒவ்வொரு ஃபிரேமையும் இருமுறை காட்டி 80 ஹெர்ட்ஸில் ஓட்டுவதுதான் எல்எஃப்சி. 48 முதல் 75 வரை மட்டும் உள்ள மலிவு மானிட்டரில் இதற்கு இடமில்லை. 48க்குக் கீழே போனதும் கிழிசலோ தடுக்கலோ திரும்பிவிடும். அந்த வகையை வாங்காதீர்கள். ஃபிரீசிங்க் பிரீமியம் என்று எழுதியிருந்தால் எல்எஃப்சி கட்டாயம் உண்டு.

சனி ஞாயிறு கூட்டத்தில் யாருக்கும் நின்று காட்டப் பொறுமை இருக்காது, வார நாள் காலையில் போங்கள். "போஸ், போலே டெஸ்ட் டூலு?" (முதலில் சோதித்துப் பார்க்கலாமா?) என்று கேளுங்கள். கடையில் டெமோ கணினி இருந்தால் அதுவே போதும். கேமிங் லேப்டாப் கொண்டுபோனால், அதன் யூஎஸ்பி-சி அல்லது டிஸ்ப்ளேபோர்ட் தனி கிராஃபிக்ஸ் சிப்போடு இணைந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கைச் சோதிக்க உதவும் என்விடியாவின் பெண்டுலம் டெமோவையும் இருட்டான மெனு உள்ள கேம் ஒன்றையும் ஏற்றிக்கொண்டு போங்கள். மானிட்டர் மெனுவில் அடாப்டிவ் சிங்கை இயக்கி, ரெஃப்ரெஷ் ரேட் காட்டும் வசதி இருந்தால் அதையும் திறந்து வையுங்கள். அந்த எண் கேமின் ஃபிரேம் வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கினால் சிங்க் வேலை செய்கிறது. 165இலேயே அசையாமல் நின்றால் செய்யவில்லை.

இனி அந்த எழுதாத குறை, ஃபிளிக்கர். திரைப் பேனல் வகைகளில் விஏ-யிலும் ஓஎல்இடியிலும் ரெஃப்ரெஷ் மாறும்போது இருண்ட சாம்பல் நிறங்களின் வெளிச்சம் கொஞ்சம் மாறும். ஃபிரேம் வேகம் தாறுமாறாகக் குதிக்கும் லோடிங் திரையிலும் மெனுவிலும் அது மினுமினுப்பாகத் தெரியும். ஃபிரேம் வேகத்தை 50க்குக் கட்டிப்போட்டு, 48ஐ மேலும் கீழும் தாண்டும்படி கேமை விட்டு, இருண்ட மூலையைப் பாருங்கள். எல்எஃப்சி உள்ளே வரும் வெளியே போகும் அந்த எல்லையில்தான் மினுக்கல் அதிகம். ஐபிஎஸ் என்ற இன்னொரு வகைப் பேனலில் இது மிகக் குறைவு. இருட்டான கேம்களை விரும்பி ஆடுபவர்கள் விஏ-யின் ஆழமான கறுப்புக்கு மயங்கி ஃபிளிக்கரையும் சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். எங்களைக் கேட்டால், ஐபிஎஸ்தான்.

ஏற்கெனவே விஏ வாங்கிவிட்டீர்களா? கஸ்டம் ரெசல்யூஷன் யுடிலிட்டி என்ற இலவச நிரலில் ரேஞ்சின் கீழ் எண்ணை 48இலிருந்து 70க்கோ 80க்கோ ஏற்றி, கூடவே வரும் ரீஸ்டார்ட்64-ஐ ஓட்டுங்கள். 165க்கு 80 வரை போகலாம், அதற்கு மேல் ஏற்றினால் இரண்டு மடங்குக் கணக்கு உடைந்துவிடும். ஊசலாட்டம் குறுகுவதால் பல மானிட்டர்களில் மினுக்கல் தணியும். முழுதாகப் போகும் என்று சொல்ல முடியாது. திரை இருண்டுபோனால் சேஃப் மோடில் ரீசெட்-ஆல் நிரலை ஓட்டினால் பழைய நிலை வரும்.

'மானிட்டர் சரியில்லை' என்று வீட்டிலிருந்து திரும்பக் கொண்டு வரும் முன் சில இடங்களைப் பாருங்கள். கேபிள் மதர்போர்டில் அல்ல, கிராஃபிக்ஸ் கார்டில் மாட்டியிருக்க வேண்டும். புது மானிட்டர் பல நேரம் 60 ஹெர்ட்ஸிலேயே ஓடும். விண்டோஸ் அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் 165க்கு மாற்றுங்கள். மானிட்டர் மெனுவில் அடாப்டிவ் சிங்க் அணைந்தே வருவது வழக்கம். பிளர் குறைக்கும் எம்பிஆர்டி முறையை இயக்கினால் பல மாடல்களில் அது சிங்கை அணைத்துவிடும். என்விடியா கண்ட்ரோல் பேனலில் செட்டப் ஜி-சிங்க் பக்கத்தில் இயக்கி, உங்கள் மானிட்டருக்கான பெட்டியையும் டிக் செய்யுங்கள். ஏஎம்டி கார்டானால் அட்ரெனலின் மென்பொருளின் டிஸ்ப்ளே பக்கத்தில் இயக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் திரையின் அடியில் கிழிசல் தெரிந்தால், ஃபிரேம் வேகம் ரேஞ்சின் மேல் எண்ணைத் தாண்டுகிறது. 165 ஹெர்ட்ஸுக்கு 162 என்று, மூன்று குறைத்துக் கட்டுங்கள். என்விடியாவில் வி-சிங்கைக் கண்ட்ரோல் பேனலில் ஆன், கேமுக்குள் ஆஃப் என்று வையுங்கள். ஃபிரேம் நேரம் துள்ளும்போது எஞ்சும் கிழிசலை அதுதான் பிடிக்கிறது. ரேஞ்சுக்குள் இருக்கும்வரை மவுஸ் கனக்காது.

இனி ஓவர்டிரைவ், அதாவது பிக்சல்கள் நிறம் மாறுவதை விரைவுபடுத்தும் மானிட்டர் அமைப்பு. 165இல் அழகாக இருக்கும் 'எக்ஸ்ட்ரீம்' நிலை, 60 ஃபிரேமில் பொருளுக்குப் பின்னால் வெள்ளை நிழலை இழுக்கும். நடு நிலையே போதும்.

கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். தரமில்லாத டிஸ்ப்ளேபோர்ட் கேபிள்களில், இணைக்கக் கூடாத 20ஆம் பின் இணைந்திருக்கும். 3.3 வோல்ட் மின்சாரம் மானிட்டருக்கும் கார்டுக்கும் இடையே போய்வந்து, கணினி சரியாகத் தொடங்காமல் அடம் பிடிக்கும். பெட்டிக்குள் வந்த கேபிளையோ வெசா சான்று பெற்றதையோ பயன்படுத்துங்கள்.

பில் போடும்போது மாற்றிக் கொடுக்கும் நாள்களையும், ஃபிளிக்கரைக் குறையாக ஏற்பார்களா என்பதையும் எழுதி வாங்குங்கள். பிக்சல் குறைக்கு விதி வைத்திருக்கும் கடைக்கும் ஃபிளிக்கருக்கு விதி இருக்காது, அது வாய்ப்பேச்சில்தான் நிற்கும். எழுதியதை மறுத்தால், பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 ரிங்கிட் வரையிலான புகார்களை விசாரிக்கிறது. அங்கே அந்த பில்தான் சாட்சி. பெட்டியையும் ஸ்டைரோஃபோமையும் அந்த நாள்கள் முடியும்வரை வைத்திருங்கள்.